ஓடை காலை வாரிய கதைகள்: உங்களுக்கு எது இன்னும் உறுத்துகிறது?

மலையோரத்தான் (குலசேகரம்)

நம்ம பக்கத்தில் ஆர்.எஸ்.எஸ் என்றால் முதலில் ஷீட்டைத்தான் நினைப்பார்கள். ஆர்.எஸ்.எஸ் 4, புகை போட்டுக் காயவைத்த ரப்பர் ஷீட்டில் நாலாம் தரம். (இன்னொன்றையும் நினைப்பார்கள், அது வேறு பேச்சு.) நான் சொல்லவந்தது இணையத்து ஆர்.எஸ்.எஸ், அதாவது ஓடை: தளத்தில் புதிதாக வருவதை ரீடர் என்ற செயலி தானாக எடுத்துக் காட்டுவதற்குத் தரும் கோப்பு. அதனால் "விலையை ஆர்.எஸ்.எஸ்-ல போடப்போறேன் மாமா" என்று நான் சொன்னபோது அவர் அசரவே இல்லை. "பின்ன, ஒட்டுப்பால்லயா போடுவ?" என்றார். (ஒட்டுப்பால், மரத்திலேயே உறைந்துபோகும் மட்ட ரப்பர்.)

ரப்பர் போர்டு தினமும் வெளியிடும் கோட்டயம் விலையை எடுத்து 2010-லிருந்து ஓடையாகக் கொடுத்துக்கொண்டிருந்தேன், ஏதோ ஓர் இலவச இடத்தில். ஒரு நாள் விலைக்கு ஓர் உருப்படி. ஜியுஐடிக்கு (பார்த்த உருப்படியா, புதுசா என்று ரீடர் கண்டுபிடிக்கும் அடையாளம்) அந்தந்தப் பக்கத்தின் முகவரியையே கொடுத்துவிட்டேன், அப்போது எல்லாரும் அப்படித்தானே செய்தோம். தலைப்பில் விலை மட்டும். பப்டேட், அதாவது வெளியான தேதி, கட்டாயமில்லை என்று வாசித்திருந்தேன், அதனால் போடவில்லை. கடைசிப் பதினைந்து போதும் என்று வெட்டவும் இல்லை, முதல் நாளிலிருந்து அத்தனையும் அதிலேயே கிடந்தது.

2016 ஓணத்துக்கு முந்தின வாரம் சொந்த டொமைன் வாங்கி எல்லாவற்றையும் மாற்றினேன். ராத்திரி ஒரு மணிக்கு முடித்துவிட்டுப் படுத்தேன். முகவரி மாறியதால் ஜியுஐடியும் மாறியது, ரீடருக்கு எல்லாமே புதுசு. விடிந்ததும் மாமா போனில் ஆயிரத்துக்கு மேல் 'புதிய' விலைகள், மேலே வந்து உட்கார்ந்தது 2011 ஏப்ரல் மாதத்து விலை, கிலோ 230-க்கும் மேல். அன்றைய சந்தையோ 120, 130 என்று இழுத்துக்கொண்டிருந்தது. மனுசன் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. புகைக்கூட்டில் இருந்த ஷீட்டையெல்லாம் இறக்கி ஆட்டோவில் அடுக்கிக்கொண்டு மார்த்தாண்டம் போய்விட்டார்.

நான் பைக்கில் பின்னால் போய்ச் சேர்ந்தபோது கடைக்காரர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு மாமாவின் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் மாமாவைப் பார்த்தார். "அண்ணாச்சி, இது எந்த வருசத்து வெலை?" கடையில் ஏழெட்டுப் பேர். மாமா என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, ஆட்டோக்காரரிடம் வாடகை எவ்வளவு என்று கேட்டார்.

வடசேரி வாசி

சிரித்துவிட்டேன், மன்னிக்கணும். என்னுடையது ஒரே ஓர் எழுத்தால் வந்தது.

2005. வீட்டில் கம்ப்யூட்டர் கிடையாது, பலகைத் தடுப்பு போட்ட பிரவுசிங் சென்டர்தான் கதி. டிஸ்கி என்ற பழைய தமிழ்க் குறியீட்டில் எழுதிவைத்ததையெல்லாம் அப்போதுதான் யூனிகோடுக்கு மாற்றிக்கொண்டிருந்தோம், தமிழில் தட்டச்ச உதவும் எ-கலப்பை இல்லாத மெஷினில் உட்கார்ந்தால் அந்தக் காசு போச்சு. வலைப்பதிவுக்கு ஓடை தயாரிக்கும் நிரலை நானே எழுதியிருந்தேன், அந்தத் திமிர் வேறு. ஓடையைக் கொடுத்துவைத்தால், பல வலைப்பதிவுகளை ஓரிடத்தில் சேர்த்துக் காட்டும் திரட்டி வந்து எடுத்துக்கொண்டு போகும், நாம் யாரையும் கூவிக் கூப்பிட வேண்டாம், அதுதானே அதன் அழகு.

நவம்பர் 1-க்கென்று தாத்தா சொல்லச் சொல்ல ஓர் இடுகை எழுதினேன். 1956-ல், நேசமணி தலைமையில் போராடி, நம்ம குமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்த அன்றைக்கு அவர் எங்கே நின்றார், யார் அழுதார்கள், எந்தக் கடையில் சும்மா காப்பி கொடுத்தார்கள், எல்லாம். தலைப்பு: "நேசமணி & எங்கள் தாத்தா". அந்த நடுவில் நிற்கிறதே & குறி, அதை ஓடை எழுதும் மொழியான எக்ஸ்.எம்.எல்லில் அப்படியே விடக்கூடாது, விரித்து எழுத வேண்டும். வலைப்பக்கம் எழுதும் எச்.டி.எம்.எல் என்றால் உலாவி பெரிய மனது பண்ணிப் பொறுத்துக்கொள்ளும். எக்ஸ்.எம்.எல்லுக்கு அந்தக் குணமே இல்லை, ஒரு பிழை கண்டால் அந்த இடத்தோடு நிறுத்திவிட வேண்டும் என்பதுதான் விதி. திரட்டி வந்து பார்த்திருக்கிறது, உடைந்த ஓடை, போய்விட்டது.

எனக்குத் தெரிந்தது மூன்றாம் நாள். ஃபயர்ஃபாக்ஸில் ஓடையைத் திறந்தால் வெளிர் மஞ்சள் பக்கம், சிவப்பு எழுத்து, வரி எண் போட்டுக் கீழே அந்தக் குறியைக் காட்டும் ஓர் அம்பு. நான் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், மணி ஓடிக்கொண்டிருக்கிறது. சரி செய்து விட்டேன், ஆனால் நவம்பர் 4-ல் நவம்பர் 1-ஐ யார் வாசிப்பார்? தாத்தா ராத்திரி கேட்டார், "எத்தன பேரு வாசிச்சா?" நான் நூறு பேர் என்றேன். அவர் "நூறா!" என்றார்.

பத்மநாபபுரம் வாத்தியார்

முதலில் எழுதிய தம்பிக்கு: இதில் மாமாவைச் சொல்லியும் குற்றமில்லை, உங்களைச் சொல்லியும் பாதிதான் குற்றம். ஆட்டம் (Atom) என்று இன்னொரு ஓடை வடிவம் இருப்பது 2010-ல் தெரியாதா? ஆர்.எஸ்.எஸ் வரலாறே குழப்பம். 1999 மார்ச்சில் நெட்ஸ்கேப்பில் 0.90 வந்தது (அதில் கை வைத்தவர்களில் ஒருவர் ராமநாதன் குஹா, ஐ.ஐ.டி. மெட்ராஸில் படித்தவர், நம்மில் பலருக்கு இது தெரியாது). அப்புறம் ஆளாளுக்கு ஒரு திசை. 2000 டிசம்பரில் ஆர்.டி.எஃப் என்ற தகவல் வடிவத்தின் அடிப்படையில் 1.0. அதே காலத்தில் டேவ் வைனர் தன் வழியில் 0.92, அப்புறம் 2002-ல் 2.0. எண் வரிசையைப் பார்த்து 1.0-க்கு அடுத்தது 2.0 என்று நினைத்தால் ஏமாந்தோம், இரண்டும் வேறு வேறு வம்சம். 2.0 இத்தோடு உறைந்தது, இனி மாற்றமில்லை என்றும் அதிலேயே எழுதிவிட்டார்கள்.

சண்டை பொறுக்காமல்தான் 2003 ஜூனில் சாம் ரூபி ஒரு விக்கியைத் திறந்து, ஓர் இடுகைக்குக் கண்டிப்பாக என்னென்ன வேண்டும் என்று எல்லாரையும் எழுதச் சொன்னார். பெயர் வைக்கவே பெரும்பாடு. பை, எக்கோ என்றெல்லாம் சுற்றிக் கடைசியில் ஆட்டம். 2004-ல் இணையத் தரங்களை வகுக்கும் ஐ.இ.டி.எஃப்பில் ஒரு குழு, 2005 டிசம்பரில் அதன் தர ஆவணம், ஆர்.எஃப்.சி 4287. அதில் ஒவ்வொரு உருப்படிக்கும் ஐடி, தலைப்பு, புதுப்பித்த நேரம் மூன்றும் கட்டாயம். இடம் மாற்றினாலும், ஏற்றுமதி செய்து வேறிடத்தில் இறக்கினாலும் ஐடி மாறவே கூடாது என்று எழுத்து எழுத்தாகச் சொல்லியிருக்கிறது. முகவரியை ஐடியாக வைக்காமல் டேக் முறையில் உங்கள் டொமைன், ஒரு தேதி, ஓர் எண் என்று அமைத்திருந்தால் உங்கள் மாமா அன்று வீட்டிலிருந்து மரச்சீனிக் கிழங்கு தின்றுகொண்டிருப்பார். ஓடைச் சரிபார்ப்பானில் ஒருமுறை ஓட்டிப் பார்த்திருக்கவும் வேண்டும். உருப்படிகளைப் பதினைந்தோடு வெட்டவும் வேண்டும். "எதுவும் மாறவில்லை" என்று சொல்லும் 304 பதில் கொடுக்கவும் பழகுங்கள், ரீடர் வரும்போதெல்லாம் முழு ஓடையையும் அனுப்புவது வீண்.

என் அனுபவம் சின்னது. மாணவர்களுக்காக "<பி> குறி எங்கே போனது?" என்று ஒரு பாடம் போட்டேன். ஆர்.எஸ்.எஸ்ஸில் தலைப்பு வெறும் எழுத்தா, எச்.டி.எம்.எல்லா என்று சொல்ல வழியில்லை, ரீடர் தன் இஷ்டத்துக்கு ஊகிக்கும். எச்.டி.எம்.எல் என்று ஊகித்தால் அந்தக் குறியைக் காட்டாமல் விழுங்கிவிடும். மாணவர்கள் பார்த்த தலைப்பு: "குறி எங்கே போனது?" பதில் அதிலேயே இருந்தது.

பாசஞ்சர் பயணி (குழித்துறை)

வாத்தியார் ஐயா, கேட்காத பாடத்தை இவ்வளவு நீட்டினீர்களே, ஒன்றை விட்டுவிட்டீர்கள். ஆர்.எஸ்.எஸ் 2.0-லும் ஜியுஐடி முகவரியாக இருக்கத் தேவையில்லை, "இது நிரந்தர இணைப்பு இல்லை" என்று ஒரு பண்பைப் போட்டால் எந்தச் சரத்தையும் வைக்கலாம். ஆட்டத்திலும் முகவரியை ஐடியாக வைத்து, இடம் மாறும்போது அதையும் சேர்த்து மாற்றிய புண்ணியவான்களை நான் பார்த்திருக்கிறேன். தர ஆவணம் "கூடாது" என்று சொல்லும். நாமல்லவா கேட்க வேண்டும்.

நான் திருவனந்தபுரத்தில் ஒரு கம்பெனியில் இருந்தேன், தினமும் ரயில். 2008-ல் ஆட்டம் வெளியீட்டு நெறிமுறையை வைத்து ஒரு பத்திரிகைக்கு எழுதுகருவி செய்தோம். ஆர்.எஃப்.சி 5023, முந்தின வருசம் அக்டோபரில் வந்தது, சூடு ஆறவில்லை. தளத்தின் தொகுப்புக்கு போஸ்ட் என்ற கட்டளையை அனுப்பினால் இடுகை பிறக்கும், 201 என்று பதில் வரும், கூடவே அதன் முகவரி. திருத்த வேண்டுமானால் எடுத்து, மாற்றி, அந்த முகவரிக்கே புட் என்ற கட்டளை. எவ்வளவு சுத்தம்! எந்த எழுதுகருவியும் எந்தத் தளத்தோடும் பேசும் என்று நான் எல்லாரிடமும் பிரசங்கம் செய்துகொண்டிருந்தேன்.

ஈடேக் (பிரதி மாறும்போதெல்லாம் மாறும் அடையாளம்) பார்க்கும் வேலையை மட்டும் அடுத்த வாரத்துக்குத் தள்ளினேன். நீ எடுத்த பிரதியை அதற்குள் வேறொருவர் மாற்றியிருந்தால் சர்வர் புட்டை மறுக்க வேண்டும், அதற்குத்தான் அது. எழுதிய பெரியவர் ஊரிலிருந்து நாலு பத்தி சேர்த்துச் சேமித்தார். பத்து நிமிடம் முன்னால் எடுத்த பழைய பிரதியில் உதவி ஆசிரியர் ஒரு சந்திப்பிழையைத் திருத்தி அவரும் சேமித்தார். நாலு பத்தியும் போச்சு. ஒற்றை "க்"குக்காக.

பாறசாலையில் வண்டி நிற்கிறது, எனக்குப் போன். பெரியவர் கோபப்படவில்லை, அதுதான் இன்னும் ஆறவில்லை. "பரவாயில்ல தம்பி, எனக்கு ஞாபகம் இருக்கு, எழுதிக்கோ" என்று முதல் பத்தியிலிருந்து சொல்ல ஆரம்பித்தார். என்னிடம் இருந்தது பக்கத்து சீட்காரரின் பேப்பர் மட்டும். அதன் ஓரத்தில் எழுதிக்கொண்டே வந்தேன். குழித்துறை வந்தது, இறங்கவில்லை. இரணியலில் இறங்கித் திரும்பி வந்தேன்.

கடற்கரைப் பிள்ளை (குளச்சல்)

நான் சொல்லப்போவதில் சிரிக்க ஒன்றுமில்லை.

2017 நவம்பர் 30 பற்றி இங்கே யாருக்கும் விளக்க வேண்டாம். ஓகிப் புயலுக்கு அப்புறம் நாங்கள் நாலைந்து பேர் சேர்ந்து, எச்சரிக்கை ஓடையிலிருந்து வருவதைத் தமிழாக்கி வாட்ஸ்அப்புக்கும் கோயில் மைக்குக்கும் தரும் ஒரு நிரல் எழுதினோம். அந்த ஓடையில் நேரமெல்லாம் ஜி.எம்.டியில் வரும், கடைசியில் அந்த மூன்றெழுத்து ஒட்டிக்கொண்டிருக்கும். என் நிரல் மணியை மட்டும் பிடுங்கிக்கொண்டு வாலை விட்டுவிட்டது. அஞ்சரை மணி நேரம் காணாமல் போனது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலை பத்துக்குத் தொடங்கும் காற்று என்பது மைக்கில் நாலரைக்கு என்று போனது. நாங்கள் அதைச் சொன்னது ஏழு மணிக்கு. அப்படியென்றால் அது வந்து போய்விட்டது என்றுதானே கேட்கிறவர் நினைப்பார்? வள்ளத்தைத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். ஒரு வயசான அக்கா மட்டும் நேரே என்னிடம் வந்து, "மக்கா, நாலரைக்குக் காத்தே இல்லியே, நான் முழிச்சுதான் கெடந்தேன், எந்த நாலரை?" என்றார். அந்தக் கேள்வியில்தான் எனக்கு வயிறு கலங்கியது. ஓடினேன், கத்தினேன், திரும்ப இழுத்தார்கள். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

பிறகுதான் பொது எச்சரிக்கை நெறிமுறையை ஒழுங்காக உட்கார்ந்து வாசித்தேன். அதில் நேரம் எழுதும்போது இத்தனை மணி வித்தியாசம் என்று எண்ணால் எழுதியே ஆக வேண்டும், ஜி.எம்.டியைக் குறிக்க "இசட்" என்று ஒற்றை எழுத்தைப் போட்டுத் தப்பிக்கக்கூட விடமாட்டார்கள். வாசிக்கிறவன் வாலை வெட்டுவான் என்று முன்பே பட்டவர் யாரோ அந்தக் குழுவில் இருந்திருக்க வேண்டும் என்று தோன்றியது.

பத்மநாபபுரம் வாத்தியார்

அதனால்தான் தேதியை நாமே வெட்டி ஒட்டாமல் அதற்கென்று உள்ள நூலகத்தை...

கடற்கரைப் பிள்ளை (குளச்சல்)

தெரியும் சார்.

முளகுமூடு டீச்சர்

நான் நிரல் எழுதுகிற ஆள் இல்லை, வாசிக்கிற ஆள். 2013 ஜூலையில் கூகுள் ரீடரை மூடினார்களே, அப்போது ஓ.பி.எம்.எல் (ஓடை முகவரிகளின் பட்டியல்) கோப்பாக 300 சொச்சம் ஓடைகளை இறக்கி இன்னொரு ரீடரில் ஏற்றினேன், பத்து நிமிட வேலை. கணக்குப் போட்டு நுழைந்து நண்பர்களை ஒவ்வொருவராகத் தேட வேண்டிய இடங்களோடு ஒப்பிட்டால் இது எவ்வளவு பெரிய விஷயம் என்று அப்போது தோன்றவில்லை.

அதில் பாதிக்கு மேல் செத்த ஓடைகள். நான் எதையும் நீக்கியதில்லை. என் கூடப் படித்தவள் ஒருத்தியின் ஓடையும் அதில் உண்டு, தோவாளைக்காரி, விடியற்காலைப் பூச்சந்தையைப் பற்றி மட்டுமே எழுதுவாள், பிச்சிப்பூ விலையில் தொடங்கி எங்கேயோ கொண்டுபோய் விடுவாள். அவள் போய் மூன்று வருசம். ஒரு நாள் காலை ரீடரைத் திறக்கிறேன், அவள் பெயர் தடித்த எழுத்தில், பக்கத்தில் அடைப்புக்குள் 1.

டீயைக் கீழே வைத்துவிட்டுத்தான் அழுத்தினேன். டொமைன் காலாவதியாகி யாரோ வாங்கியிருக்கிறார்கள், அதே ஓடை முகவரியில் ஏதோ சூதாட்ட விளம்பரம். அவ்வளவுதான். ஆனால் அழுத்துவதற்கு முன்னால் ஒரு மூன்று நொடி இருந்தது பாருங்கள்.

ஓடையை இன்னும் நீக்கவில்லை. வாத்தியார் ஐயா, நீக்கச் சொல்லி எழுதிவிடாதீர்கள்.

மலையோரத்தான் (குலசேகரம்)

டீச்சர் எழுதியதற்கு அப்புறம் என் கதை ஒன்றுமே இல்லை. வடசேரி அண்ணாச்சி, அந்த நேசமணி இடுகை இப்போதும் இருந்தால் முகவரி கொடுங்கள்.

வாத்தியார் ஐயாவுக்கு: ஐடியை அன்றைக்கே மாற்றிவிட்டேன், பப்டேட்டும் போட்டாயிற்று, பதினைந்தோடு வெட்டியும் ஆயிற்று. மாமாதான் அதற்குப் பிறகு ஓடை பக்கமே வரவில்லை. விலை வேண்டுமென்றால் மார்த்தாண்டம் கடைக்கே போன் போடுகிறார், அதுவும் நான் பக்கத்தில் இருந்தால் ஸ்பீக்கரில்.