பினாங்கா, இஸ்தான்புல்லா? செங்கோட்டையிலிருந்து ஒரு கேள்வி

தண்டவாளம் (செங்கோட்டை)

வணக்கம். எங்கள் வாசகர் வட்டத்தில் ஆறு பேர் இருக்கிறோம், எல்லோரும் அறுபதைத் தாண்டியவர்கள். மூன்று ஆண்டுகளாகச் சீட்டுப் போட்டுச் சேர்த்த பணத்தில் வெளிநாட்டில் ஒரு பழைய நகரத்தைப் பார்த்து வரலாம் என்று முடிவு செய்திருக்கிறோம். நான்கு பேர் மலேசியாவில் பினாங்கு, மலாக்கா என்கிறோம். இரண்டு பேர் இஸ்தான்புல் என்று பிடிவாதமாக நிற்கிறார்கள்.

என் கருத்தை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். இந்த வயதில், இந்தப் பணத்தில், நம்மவர் நடந்த ஊருக்குத்தான் போக வேண்டும். நான் 2019இல் ஒரு சுற்றுலாக் குழுவோடு துருக்கி போனவன். இஸ்தான்புல்லின் ஹாகியா சோபியா 537இல் தேவாலயமாகக் கட்டி முடிக்கப்பட்டது, 1453இல் பள்ளிவாசலானது, பிறகு அருங்காட்சியகமானது என்றெல்லாம் படித்துவிட்டுத்தான் போனேன். உள்ளே போய் அண்ணாந்து பார்த்தேன். கழுத்து வலித்ததே தவிர, மனத்தில் ஒன்றும் ஒட்டவில்லை.

2023இல் மகன் பினாங்குக்கு அழைத்துப் போனான், இரண்டே நாள். ஜார்ஜ் டவுனில் 1833இல் கட்டிய மாரியம்மன் கோயிலைப் பார்த்தேன். 1801இல் நம் பக்கத்து முஸ்லிம் வணிகர்கள் எழுப்பிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலைப் பார்த்தேன். பள்ளிவாசலுக்கு அருகே ஒரு நாசி கண்டர் கடை. சோற்றுக் கூடைகளைத் தோளில் காவடியாகச் சுமந்து விற்ற தமிழ் முஸ்லிம்களின் உணவு அது. கல்லாவில் இருந்த பெரியவர் எந்த ஊர் என்று கேட்டார். செங்கோட்டை என்றேன். அவருடைய தாத்தா கடையநல்லூர்க்காரராம். உடனே என் கையைப் பிடித்துக்கொண்டு, "குற்றாலத்தில் சீசன் ஆரம்பித்துவிட்டதா?" என்று கேட்டார். அவர் குற்றாலத்தைக் கண்ணால் பார்த்ததே இல்லை. எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

அதனால் கேட்கிறேன். நமக்கு ஒரு தொடர்பும் இல்லாத ஊரில் போய் எதைப் பார்ப்பது?

கொழிஞ்சாம்பாறை வாசகி

ஐயா, உங்கள் குற்றாலக் கதையைப் படித்துக் கண் கலங்கியது உண்மை. ஆனால் நீங்கள் எடுத்த முடிவு தவறு. இஸ்தான்புல் உங்களுக்கு ஒட்டாததற்கு அது அயலார் ஊர் என்பதா காரணம்? அந்தக் குழு உங்களை உள்ளே எத்தனை நிமிடம் விட்டது, சொல்லுங்கள்.

தண்டவாளம் (செங்கோட்டை)

நாற்பது நிமிடம். மேல்தளத்துக்குப் போகவில்லை. அதற்குப் பிறகு கம்பளக் கடையில் இரண்டு மணி நேரம்.

கொழிஞ்சாம்பாறை வாசகி

அப்படியானால் குறை நகரத்தில் இல்லை, ஐயா.

நான் 2018இல் போனேன். முதல் நாள் எனக்கும் உங்களைப் போலத்தான் இருந்தது. மறுநாள் தனியாக மேல்தளத்துக்கு ஏறினேன். அங்கே இடுப்பு உயரத்தில் பளிங்குக் கைப்பிடிச் சுவர் ஒன்று இருக்கிறது. அதன் மேல் கத்தி முனையால் கீறியது போலச் சில கோடுகள். குனிந்து பக்கவாட்டில் பார்த்தால்தான் வெளிச்சத்தில் தெரியும். வடக்கே ஸ்காண்டிநேவியாவிலிருந்து வந்த ஒருவன் தன் மொழியின் ரூன் எழுத்துகளில் கீறியது. மற்றவையெல்லாம் தேய்ந்துவிட்டன, ஹால்ஃப்டான் என்ற பெயர் மட்டும் படிக்க முடிகிறது. அந்த நகரத்தை அப்போது ஆண்ட பேரரசரிடம் கூலிக்குப் படைவீரனாக இருந்தவன் என்று நினைக்கிறார்கள். வழிபாடு நீண்டுகொண்டே போயிருக்கும், மொழி புரிந்திருக்காது, ஊர் நினைவு வந்திருக்கும், கத்தியை எடுத்துவிட்டான். எங்கள் பள்ளியில் கடைசி பெஞ்சுப் பையன்கள் மேசையில் காம்பஸால் பெயர் செதுக்குவார்கள், அதே கை.

அவன் எனக்கு என்ன உறவு? ஒன்றுமில்லை. ஆனால் அன்று இரவு முழுக்க அவனைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். உலகத்தில் எங்கே போனாலும் தமிழ்க் கல்வெட்டு இருக்கிறதா, தமிழ்க் கோயில் இருக்கிறதா என்று தேடுவது, கல்யாண வீட்டுக்குப் போய் நம் சொந்தக்காரர்கள் எத்தனை பேர் என்று எண்ணிவிட்டுப் பெண்ணையும் மாப்பிள்ளையையும் பார்க்காமல் திரும்புவது போன்றது.

தென்மலை ஓட்டுநர்

நடைமுறையை நான் சொல்கிறேன், அண்ணாச்சி. மலேசியாவுக்கு 2023 டிசம்பர் முதல் நம் பாஸ்போர்ட்டுக்கு விசா வேண்டாம், வருகை அட்டையை இணையத்தில் நிரப்பினால் போதும். போகும் முன் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். துருக்கிக்கு அப்படி இல்லை. அமெரிக்க விசாவோ ஐரோப்பிய விசாவோ கையில் இல்லாதவர்கள் பாஸ்போர்ட்டில் ஒட்டித் தரும் விசாவுக்கு விண்ணப்பிக்க வேண்டும், அதற்கு வாரக்கணக்கில் ஆகும். தவிர, ஹாகியா சோபியா 2020இல் மீண்டும் பள்ளிவாசலாகிவிட்டது. 2024 தொடக்கத்திலிருந்து வெளிநாட்டுப் பயணிகளுக்கு மேல்தளம் மட்டும்தான், ஆளுக்கு 25 யூரோ கட்டணம்.

விவாதத்துக்கு வருகிறேன். நான் இலங்கை போனபோது, எல்ல என்ற ஊர்ப் பக்கத்தில் தெமோதரையில் இருக்கிற ஒன்பது வளைவுப் பாலத்தைப் பார்த்தேன். 1921இல் கட்டிய ரயில் பாலம். உலகம் முழுவதிலுமிருந்து ஆட்கள் வந்து தேயிலைச் சரிவில் உட்கார்ந்து ரயிலுக்குக் காத்திருக்கிறார்கள். நானும் ஒன்றரை மணி நேரம் காத்திருந்தேன். நீல ரயில் வளைந்து வந்தபோது பக்கத்தில் இருந்த வெள்ளைக்காரப் பாட்டி கை தட்டினார்.

ஊருக்குத் திரும்பி, மறுநாள் சவாரிக்காகக் கழுதுருட்டி வழியாகப் போனேன். அங்கே சாலை ஓரத்தில் பதின்மூன்று கண் பாலம் நிற்கிறது. 1904இல் திறந்த கொல்லம் ரயில் பாதையில் கருங்கல்லில் கட்டியது. ஆயிரம் தடவைக்கு மேல் அதைக் கடந்து வண்டி ஓட்டியிருக்கிறேன். அன்றுதான் வண்டியை நிறுத்தி இறங்கிப் பார்த்தேன். அயல்நாட்டுப் பாலம்தான் எனக்கு என் ஊர்ப் பாலத்தைக் காட்டிக் கொடுத்தது. அதனால் என் ஓட்டு வாசகி டீச்சருக்கு.

தண்டவாளம் (செங்கோட்டை)

தம்பி, அந்தப் பாலத்தில் மீட்டர் கேஜ் காலத்தில் பதினோரு ஆண்டு வேலை பார்த்தவன் நான். அதை யாரும் எனக்குக் காட்டிக் கொடுக்க வேண்டியதில்லை. நீ சொல்வதே என் பக்கத்துக்குத்தான் சாட்சி. அந்த இலங்கைப் பாலம் உன் மனத்தில் ஒட்டியதற்குக் காரணம், நீ பிறந்ததிலிருந்து கண்ணில் பட்ட பாலம் ஒன்று உனக்குள் ஏற்கெனவே இருந்ததுதான்.

கடலோடி (பாறசாலை)

நான் சரக்குக் கப்பலில் இருபத்தாறு ஆண்டு வேலை செய்தவன். நீங்கள் மூவரும் நகரத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். நான் ஒரு தீவைப் பற்றிச் சொல்கிறேன்.

2009இல் எங்கள் கப்பலில் ஒருவருக்கு உடம்பு மிகவும் மோசமாகிவிட்டது. தெற்கு அட்லாண்டிக்கில் செயின்ட் ஹெலினா தீவில் அவரை இறக்கினோம். நெப்போலியனைச் சிறை வைத்து, 1821இல் அவர் இறந்த தீவு. 1502இல் போர்ச்சுகீசியர் கண்டபோது அங்கே மனிதர்களே இல்லை. விமானங்கள் 2017இல்தான் வரத் தொடங்கின. நாங்கள் போனபோது எல்லோருக்கும் கடல் வழிதான். படகு படித்துறையை ஒட்டி ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். மேலே ஒரு கம்பியிலிருந்து கனத்த கயிறுகள் தொங்கும். அலை படகைத் தூக்கும் நேரம் பார்த்துக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒரே எட்டில் கல்லில் கால் வைக்க வேண்டும். ஆளுநர் வந்தாலும் அதே கயிறுதான். பல பேர் கைபட்டு அது மழமழவென்று இருந்தது.

நான்கு மணி நேரம் ஊருக்குள் நடந்தேன். ஜேம்ஸ்டவுன் என்பது இரண்டு மலைக்கு நடுவில் ஒரே தெரு. பக்கத்து மலைமேல் 699 படிகள் நேராக ஏறுகின்றன. பாதிப் படியில் உட்கார்ந்து கடலைப் பார்த்தேன். எந்தப் பக்கம் பார்த்தாலும் ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு ஒன்றுமில்லை. எதிரே வந்த ஒவ்வொருவரும் எனக்கு வணக்கம் சொன்னார்கள். என்னை யாரென்று அவர்களுக்குத் தெரியாது, எனக்கும் அவர்களைத் தெரியாது. அந்த நான்கு மணி நேரம் போல நான் எங்கேயும் உணர்ந்ததில்லை.

எங்கள் பக்கத்திலிருந்து இன்னொன்று. உதயகிரிக் கோட்டையில் டிலனாய் கல்லறை இருக்கிறது. 1741இல் குளச்சல் போரில் திருவிதாங்கூரிடம் பிடிபட்ட டச்சுக் கம்பெனிப் படைக்காரர், பிறகு அந்தப் படைக்கே தளபதியானவர். கல்லறையில் லத்தீனிலும் தமிழிலும் எழுதியிருக்கிறது. ஒரு டச்சுக்காரர் நம் ஊருக்கு வந்து தன் நாட்டுக் கம்பெனிக்காரர் கல்லறையை மட்டும் பார்த்துவிட்டு, பக்கத்திலேயே இருக்கிற பத்மநாபபுரம் அரண்மனையைப் பார்க்காமல் போனால் நமக்கு எப்படி இருக்கும்? தண்டவாளம் அண்ணன் இதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

தண்டவாளம் (செங்கோட்டை)

வருத்தமாகத்தான் இருக்கும். ஆனால் அவர் அவ்வளவு தூரம் வந்ததே அந்தக் கல்லறைக்காக என்றால், அதை நான் குறை சொல்ல மாட்டேன்.

மூணாறு மகள்

இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். நான் தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவள், இப்போது செவிலியர். எங்கள் பாட்டியின் அண்ணன் மலேயாவுக்கு ரப்பர் பால் வெட்டப் போனார். 1941க்குப் பிறகு கடிதம் வரவில்லை. போர் முடிந்த பிறகு, உடன் இருந்த ஒருவர் எழுதினாராம், ஜப்பான்காரர்கள் சயாம் (இப்போதைய தாய்லாந்து) ரயில் வேலைக்குக் கொண்டுபோய்விட்டார்கள் என்று.

இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு தாய்லாந்தில் காஞ்சனபுரிக்குப் போனேன். 1942-43இல் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் போட்ட பாதை அது. நேச நாட்டுப் போர்க்கைதிகள் 12,000 பேருக்கு மேல் இறந்தார்கள். மலேயாத் தமிழர்களும் பர்மியர்களும் ஜாவாக்காரர்களுமாக ஆசியத் தொழிலாளர்கள் அதைப் போலப் பல மடங்கு இறந்தார்கள். அவர்களைச் சரியாக எண்ணியவர் யாருமில்லை. குவாய் ஆற்றுப் பாலத்தில் ஒரே கூட்டம். வளைந்த இரும்புச் சட்டங்கள் அந்தக் காலத்தவை. நடுவில் வளைவில்லாமல் கோண வடிவில் இருக்கும் இரண்டு கண்கள் குண்டுவீச்சில் விழுந்த பிறகு போட்டவை. எல்லோரும் நடுப் பாலத்தில் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

ஊருக்குள் போர்க்கைதிகளின் மயானம் இருக்கிறது. ஏறத்தாழ 7,000 கல்லறைகள். பெரும்பாலானவற்றில் பெயர், படைப்பிரிவு, வயது. ஒவ்வொரு கல்லுக்குப் பக்கத்திலும் ஒரு பூச்செடி. புல்லை அவ்வளவு அழகாக வெட்டியிருக்கிறார்கள். தாத்தாவுக்கென்று ஒரு மாலை வாங்கிப் போயிருந்தேன். அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. தோட்டத் தொழிலாளிக்கு அங்கே கல் கிடையாது. வெயிலில் வரிசை வரிசையாக நடந்துகொண்டே இருந்தேன். கடைசியில் இருபத்திரண்டு வயதில் இறந்த ஓர் ஆங்கிலேயப் பையனின் கல்லில் வைத்துவிட்டு வந்தேன். அவனும் தாத்தாவும் ஒரே கட்டையைத் தூக்கியிருக்கலாம்.

இது யார் பக்கத்துக்குச் சாட்சி என்று எனக்குத் தெரியவில்லை.

தண்டவாளம் (செங்கோட்டை)

அம்மா, தண்டவாளத்துக்கு அடியில் போடும் ஒரு ஸ்லீப்பர் கட்டையை நாலு பேர் பிடித்தால் தோள் இறங்கிவிடும். நல்ல சாப்பாடு சாப்பிட்ட ஆட்களுக்கே அப்படி. பட்டினி ஆட்கள் மழையில் தூக்கினார்கள் என்று நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

இதைத்தான் நான் முதலிலிருந்து சொல்கிறேன். பாலத்தில் படம் எடுத்த கூட்டத்தில் அவரைத் தேடிப் போன ஒரே ஆள் நீதான். சொந்தம் என்று ஒன்று இல்லாவிட்டால் அந்தத் தொழிலாளியை யார் கேட்பது?

கொழிஞ்சாம்பாறை வாசகி

கேட்க வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பே இல்லை. நான் எழுதிய கல்யாண வீட்டு உவமையை இந்தத் தங்கையிடம் சொல்லியிருக்க மாட்டேன். ஆனால் ஐயா, அந்த மாலை கடைசியில் யார் கல்லில் விழுந்தது என்பதையும் பாருங்கள்.

மலாக்காவுக்குப் போனால் கஜா பெராங்கில் மலாக்காச் செட்டிகளின் குடியிருப்புக்குப் போய் வாருங்கள். பல நூற்றாண்டுகளுக்கு முன்பு போன தமிழ் வணிகர்களின் வழியினர். 1781இல் கட்டிய பொய்யாத விநாயகர் கோயில் அவர்களுடையது. திருநீறு பூசுவார்கள், பொங்கல் வைப்பார்கள், வீட்டில் பேசுவது மலாய். அங்கே போய் "ஐயோ, தமிழை விட்டுவிட்டார்களே" என்று மட்டும் வருந்திவிட்டு வராதீர்கள். மலாயையும் சைவத்தையும் சேர்த்து அவர்கள் கட்டிய வாழ்க்கையைப் பாருங்கள். தமிழ்நாடு-கேரள எல்லையில் வாழ்கிற நமக்கு அது புரியாதா? என் வகுப்பில் பாதிப் பிள்ளைகள் தமிழில் கணக்குப் போட்டு மலையாளத்தில் சண்டை போடுகிறார்கள்.

தென்மலை ஓட்டுநர்

பினாங்கிலிருந்து காஞ்சனபுரிக்கு ரயிலிலேயே போகலாம், அண்ணாச்சி. எதிர்க்கரையில் பட்டர்வொர்த்தில் ஏறி எல்லையில் பாடாங் பெசாரில் மாறினால் பேங்காக். அங்கே தோன்புரி நிலையத்திலிருந்து நாளுக்கு இரண்டு வண்டி அந்தப் பழைய பாதையிலேயே போகிறது. உங்களுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

தண்டவாளம் (செங்கோட்டை)

அதை ஞாயிற்றுக்கிழமை வட்டத்தில் வைக்கிறேன். என் கருத்து மாறவில்லை, என் ஓட்டு பினாங்குக்குத்தான்.

ஆனால் ஒன்றை நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். இஸ்தான்புல் கேட்கும் இருவரில் ஒருவர் என் மனைவி. 2019இல் பேரன் பிறந்த நேரம், அவர் வரவில்லை. நான் திரும்பி வந்து அங்கே ஒன்றுமில்லை என்றேன். அன்றிலிருந்து, நீங்கள் சரியாகப் பார்த்திருக்க மாட்டீர்கள் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார். இன்று காலை வாசகி அம்மா எழுதியதை அவருக்குப் படித்துக் காட்டினேன். அந்தப் பெயரை நான் தேடிக் கண்டுபிடித்துவிடுவேன் என்றார்.

மேல்தளத்துக்கு ஏறுவது படியா? அவருக்கு வலது முழங்காலில் வலி.

கொழிஞ்சாம்பாறை வாசகி

நான் ஏறிய வழியில் பெரும்பாலும் படி இல்லை, ஐயா. சுவருக்குள்ளே திரும்பித் திரும்பி ஏறும் கல் பாவிய சரிவுப் பாதை. கற்கள் தேய்ந்து மேடு பள்ளமாக இருக்கும், வெளிச்சமும் குறைவு. ரப்பர் அடிச் செருப்புப் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். ஏறும்போது சுவரைப் பிடித்துக்கொள்ளலாம். இறங்கும்போதுதான் முழங்காலுக்கு வேலை, அப்போது நீங்கள் அவருக்கு முன்னால் இறங்குங்கள்.