பெரியப்பாவோட ஸ்கேன் ரிப்போர்ட்

குழு: குன்னூர் வீட்டு சொந்தங்கள்

*வியாழக்கிழமை*

மாலதி, மாலை 6:10
[போட்டோ]
அப்பாவுக்கு இன்னைக்கு வயித்து ஸ்கேன் எடுத்தோம். ஒரு மாசமா நாலு வாய் சாப்பிட்டாலே வயிறு ரொம்பிடுதுங்கறார். வலது விலாவுக்குக் கீழ பாரமா இருக்காம். ரிப்போர்ட்ல கல்லீரல் பெருசா இருக்கு, 17.2 செ.மீ.ன்னு போட்டிருக்கு. டாக்டரைப் பார்க்க சனிக்கிழமைதான் டோக்கன் கிடைச்சுது. யாருக்காவது தெரிஞ்சா சொல்லுங்க.

செல்வம் மாமா, 6:14
முருகா. கேன்சர் கிடையாதே? எங்க பக்கத்து வீட்டுக்காரருக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது.

லட்சுமி அத்தை, 6:20
அண்ணன் ஒரு சொட்டு தொட்டவர் கிடையாது. குடிக்காத மனுஷனுக்கு ஈரல் எப்படிங்க வீங்கும்?

மாலதி, 6:26
அதுதான் அத்தை மனசு ஆறல. ஸ்கேன் எடுத்த இடத்துல, அத்தனை பேர் உக்காந்திருக்கறப்ப, "எத்தனை வருஷமா குடிக்கறீங்க"ன்னு கேட்டாங்க. அப்பா தலையைக் குனிஞ்சுட்டார். வீட்டுக்கு வந்ததுல இருந்து யார்கிட்டயும் ஒரு வார்த்தை பேசல.

பாலு சித்தப்பா, 6:41
எனக்கும் போன வருஷம் ஈரல்ல கொழுப்புன்னு வந்துச்சும்மா. எங்க தோட்டத்துல கீழாநெல்லி இருக்கு. அரைச்சு மோர்ல கலந்து குடு. காலையில ஆள்கிட்ட குடுத்து விடறேன்.

ரேவதி, இரவு 8:05
அக்கா, இப்பதான் டூட்டி முடிஞ்சு போனைப் பார்த்தேன். சித்தப்பா, கோவிச்சுக்காதீங்க, கீழாநெல்லி இப்ப வேண்டாம். என்ன காரணம்னு தெரியறதுக்கு முன்னாடி எது குடுத்தாலும் அதையும் கல்லீரல்தான் சமாளிக்கணும்.

கல்லீரல் பெருசா இருக்குங்கறது நோயோட பேரே கிடையாதுங்க. காய்ச்சல் மாதிரி அது ஒரு அடையாளம். பெரியவங்களுக்குக் கல்லீரல் சுமார் ஒன்றரை கிலோ எடை. வலது பக்கம் விலா எலும்புக்குள்ள மறைஞ்சிருக்கும். ஸ்கேன்ல 15, 16 செ.மீ. வரைக்கும் சாதாரணம். வீங்கறதுக்குக் காரணம் நிறைய. இன்னைக்கு அதிகமாப் பார்க்கறது சித்தப்பாவுக்கு வந்த கொழுப்புதான், சுகரும் எடையும் இருந்தா குடிக்காமலே வரும். அப்புறம் குடி, மஞ்சள் காமாலை வைரஸ், சீழ்க்கட்டி, சில மாத்திரைங்க. கூடலூர் பக்கத்துல இருந்து வர்ற, சிக்கிள் செல்ங்கற பரம்பரை ரத்த நோய் இருக்கற பிள்ளைங்களுக்கும் ஈரல் பெருசா இருக்கும். கட்டியும் ஒரு காரணம்தான் மாமா, மறைக்கல. ஆனா கட்டி இருந்தா பெரும்பாலும் ஸ்கேன்லயே எழுதியிருப்பாங்க.

எங்க வார்டுல எனக்கு அதிக பயம் சுருங்கிப் போன கல்லீரலைப் பார்த்தாத்தான். வருஷக்கணக்கா அடி வாங்கி, தழும்பாகி, கடைசியில அது சின்னதாயிடும்.

அக்கா, நீங்க போட்டது கடைசிப் பக்கம் மட்டும். முதல் பக்கத்தையும் போடுங்க.

மாலதி, 8:12
[போட்டோ]

ரேவதி, 8:19
இதுல கல்லீரல் ரத்தக் குழாய்ங்க விரிஞ்சிருக்குன்னு ஒரு வரி இருக்கு. ஐ.வி.சி.யும் விரிஞ்சிருக்காம். கீழ் உடம்பு ரத்தத்தையெல்லாம் இதயத்துக்குக் கொண்டு போற பெரிய குழாய் அது. நான் கேக்கறதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. பெரியப்பா ராத்திரி எப்படிப் படுக்கறார்?

மாலதி, 8:22
மூணு தலைகாணி வெச்சுக்கறார். பத்து நாளா நடுராத்திரி எந்திரிச்சு ஜன்னலைத் திறந்து வெச்சு உக்காந்துக்கறார். இந்தக் குளிர்லயான்னு நான் சத்தம் போட்டேன்.

ரேவதி, 8:23
காலு?

மாலதி, 8:30
இப்பதான் சாக்ஸைக் கழட்டிப் பார்த்தேன். எலாஸ்டிக் இருந்த இடத்துல கயிறு கட்டின மாதிரி பள்ளம். முழங்காலுக்குக் கீழ முன்பக்க எலும்பு மேல கட்டை விரலால பத்து எண்ணற வரைக்கும் அமுக்கினேன். எடுத்தும் குழி அப்படியே நிக்குது ரேவதி. சாக்ஸ் போட்டே இருக்கறதால நாங்க யாருமே பார்க்கல.

லட்சுமி அத்தை, 8:33
ரோட்டுல இருந்து வீட்டுக்கு 84 படி. பேக்டரியில இருந்தப்ப விறகுக் கட்டோட ஒரே மூச்சுல ஏறுவார். போன வாரம் நான் கூட வந்தேன், நாலு இடத்துல நின்னார். மழைக்குப் படி வழுக்குதுன்னார்.

ரேவதி, 8:36
சனிக்கிழமை வரைக்கும் காத்திருக்க வேண்டாம் அக்கா. விடிஞ்சதும் ஊட்டி மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. ராத்திரியே மூச்சு வாங்குச்சுன்னா, உதடு நீலமாச்சுன்னா, நெஞ்சு வலின்னா உடனே 108. வேற என்ன மாத்திரை போடறார்?

மாலதி, 8:39
மூட்டு வலிக்கு மெடிக்கல்ல வாங்கறதுதான். ரெண்டு மாசமா தினம் ரெண்டு.

ரேவதி, 8:41
இன்னையோட நிறுத்துங்க. அந்த மாத்திரையோட அட்டையை எடுத்துட்டுப் போய் டாக்டர்கிட்ட கண்டிப்பாக் காட்டுங்க. அது உப்பையும் தண்ணியையும் உடம்புலயே பிடிச்சு வெச்சுக்கும். இதயம் தளர்ந்திருந்தா நிலைமை இன்னும் மோசமாகும்.

செல்வம் மாமா, 8:44
இதயமா? ஸ்கேன் ஈரலுக்குத்தானே எடுத்தோம்?

ரேவதி, 8:52
நான் டாக்டர் கிடையாது மாமா, முடிவு அவங்கதான் சொல்லணும். ஆனா வார்டுல இதே மாதிரி நிறையப் பேரைப் பார்த்துட்டேன். கல்லீரல்ல இருந்து வெளிய போற ரத்தம் நேரா இதயத்துக்குப் போகணும். இதயத்தால இழுத்து அனுப்ப முடியலைன்னா ரத்தம் பின்னால தேங்கும். மதகை அடைச்சா வாய்க்கால் ரொம்பற மாதிரி. கல்லீரல் ஊறி வீங்கும், காலு வீங்கும், குடலும் வீங்கும். அதனாலதான் நாலு வாயில வயிறு ரொம்புது. கல்லீரலுக்குள்ள வலி நரம்பு கிடையாது. மேல இருக்கற உறை இழுபடறப்பதான் அந்த பாரம் தெரியுது.

லட்சுமி அத்தை, பர்லியார்ல உங்க வீட்டுப் பின்னாடி ஜாதிக்காய் மரம் இருக்கே, அதோட கொட்டையைக் குறுக்க வெட்டினா கரும்பழுப்பும் வெளுப்புமா வரி வரியாத் தெரியுமில்ல? ரத்தம் தேங்கின கல்லீரலை வெட்டிப் பார்த்தா அதே மாதிரி இருக்கும். எங்க பாடத்துல அதுக்கு ஜாதிக்காய் கல்லீரல்னே பேரு.

லட்சுமி அத்தை, 8:58
காலையில ஆறு மணிக்கு நான் பஸ் ஏறி வர்றேன். மாலதி, தனியாப் போகாத.

*சனிக்கிழமை*

மாலதி, பகல் 1:15
எக்கோ, அதான் இதயத்துக்கு எடுக்கற ஸ்கேன், எடுத்துட்டாங்க. ரேவதி சொன்ன மாதிரியேதான். இதயம் பம்ப் பண்றது 35 சதவீதம்தானாம். 55க்கு மேல இருக்கணுமாம். ரொம்ப நாளா பி.பி. இருந்திருக்கு, நாம பார்க்கவே இல்ல. கல்லீரலுக்குப் பார்க்கற ரத்த டெஸ்ட்ல பிலிருபின் கொஞ்சம் கூட, எஸ்.ஜி.பி.டி.யும் கொஞ்சம் கூட. மஞ்சள் காமாலை பி, சி ரெண்டும் இல்லைன்னு வந்துடுச்சு. வார்டுல சேர்த்து, தண்ணி இறங்க ஊசி போடறாங்க.

அந்த டாக்டரம்மா அப்பா கையைப் பிடிச்சு, "ஐயா, உங்க கல்லீரல் மேல தப்பே இல்ல, அது பாவம், ரத்தம் தேங்கி வீங்கியிருக்கு"ன்னாங்க. அப்பா அழுதுட்டார். ரெண்டு நாள் கழிச்சு அப்பதான் வாய் திறந்து பேசினார்.

பாலு சித்தப்பா, 1:40
மாலதி, பணம் அனுப்பிருக்கேன், பாரு. ரேவதி, என் ரிப்போர்ட்டையும் அனுப்பட்டுமா? நானும் ஒரு வருஷமா அப்படியே விட்டுட்டேன்.

ரேவதி, 2:05
உடனே அனுப்புங்க சித்தப்பா. உங்களுக்கு 14 வருஷமா சுகர். ஈரல்ல தழும்பு ஆரம்பிச்சிருக்கான்னு ஃபைப்ரோஸ்கேன்ல பார்த்துடலாம், வலியே இருக்காது. எடையில நூத்துக்கு ஏழுல இருந்து பத்து பங்கு குறைச்சீங்கன்னா ஈரல் நல்லாவே தெளியும். 82 கிலோன்னா ஆறுல இருந்து எட்டு கிலோ. அவசரம் வேண்டாம், ஒரு வருஷத்துல மெதுவாக் குறைங்க.

*அடுத்த வெள்ளிக்கிழமை*

மாலதி, காலை 7:20
நேத்து டிஸ்சார்ஜ். ஆறு நாள்ல 5 கிலோ இறங்கிடுச்சு, அத்தனையும் தண்ணி. தலைகாணி ஒண்ணு போதுங்கறார். ஆறு வாரம் கழிச்சு ஸ்கேன் திரும்ப எடுக்கணுமாம். ஊறுகாய், கருவாடு, அப்பளம் எல்லாத்தையும் அத்தை தன் வீட்டுக்கே எடுத்துட்டுப் போயிட்டாங்க.

ரேவதி, 7:31
எடை மெஷின் வாங்கினீங்களா? தினம் காலையில பாத்ரூம் போய்ட்டு வந்ததும், சாப்பிடறதுக்கு முன்னாடி பார்க்கணும். ரெண்டு மூணு நாள்ல ரெண்டு கிலோ ஏறுச்சுன்னா எனக்குப் போன் பண்ணிட்டு நேரா ஆஸ்பத்திரி.

பெரியப்பா, 7:48
ரேவதி கண்ணு. பெரியப்பாதான் டைப் பண்றேன். இன்னைக்கு 58.6. காலண்டர்ல எழுதி வெச்சிருக்கேன்.

பெரியப்பா, 7:55
படி இன்னும் ஏறல. வாசல்ல வெயில்ல உக்காந்திருக்கேன். சாக்ஸ் போடல.