மதிய உணவு எங்கே தொடங்கியது: ஆயிரம் விளக்கிலா, எட்டயபுரத்திலா?

தறிக்காரர் மகள்:
சென்னை ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியின் வரலாற்றை யார் எழுதினாலும் 1920-ஐ முதல் பக்கத்தில் வைக்க வேண்டும் என்பது என் கட்சி. பிட்டி தியாகராயர் தலைமையிலான மாநகராட்சி மன்றம், அந்தப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி கொடுக்க அந்த ஆண்டில்தான் தீர்மானம் போட்டது. பிள்ளை ஒன்றுக்கு நாளைக்கு ஓர் அணாவுக்குமேல் செலவு போகக் கூடாது என்பது வரம்பு. நம் நாட்டுப் பள்ளி உணவின் வேர் அங்கே இருக்கிறது. மேடைக்கு மேடை எட்டயபுரத்தைச் சொல்கிறார்கள், இந்தப் பள்ளியை யாரும் சொல்வதில்லை. எனக்கு அது ஆறவில்லை.

கரிசல்காட்டான்:
அம்மா, நல்ல காரியம் நடந்ததை மறுக்கவில்லை. ஆனால் அதை வேர் என்று எப்படி ஏற்பது? தொடக்கக் கல்வி நிதியை உணவுக்குச் செலவிடக் கூடாது என்று ஆங்கிலேய அரசு சொன்னதும், 1925 ஏப்ரலில் திட்டம் நின்றுபோனது. 1956-ல் காமராசர் எட்டயபுரத்தில் தொடங்கியதுதான் ஊர் ஊராகப் பரவியது.

என் அப்பா அப்படிச் சாப்பிட்டுப் படித்தவர். தட்டு மாறிப்போகாமல் இருக்க, அலுமினியத் தட்டின் விளிம்பில் ஆணியால் தன் பெயரின் முதல் எழுத்தைக் கீறி வைத்திருந்தார். எங்கள் வீட்டில் ஒருவர் எழுதிய முதல் எழுத்து அதுதான். அந்தத் தட்டு ஆயிரம் விளக்கிலிருந்து வரவில்லை.

தறிக்காரர் மகள்:
உங்கள் அப்பாவின் தட்டுக்கு என் வணக்கம், ஐயா. ஆனாலும் பாதிக் கதையைத்தான் சொல்கிறீர்கள். ஆயிரம் விளக்கில் தொடங்கியது இன்னும் நான்கு பள்ளிகளுக்குப் போனது. அந்த ஐந்து பள்ளிகளிலும் சேர்த்து 1922-23-ல் 811 பிள்ளைகள். 1924-25-ல் 1,671 பிள்ளைகள். இரண்டே ஆண்டில் இரு மடங்கு! 1925-ல் நின்றது 1927-ல் மறுபடி தொடங்கியதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

பழைய வாத்தியார்:
இருவரும் பணம் எங்கிருந்து வந்தது என்பதைப் பார்க்கவில்லை. காமராசர் காலத்தில் ஒரு பிள்ளையின் ஒரு வேளைச் சாப்பாட்டுக்குப் பத்து பைசா என்று கணக்கு. ஆறு பைசா அரசு, நான்கு பைசா ஊர். நெ.து. சுந்தரவடிவேலு கல்வி இயக்குநராக இருந்தபோது, பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் ஊர்க்காரர்கள் பெஞ்சும் கரும்பலகையும் கொண்டுவந்து கொடுத்தார்கள். பள்ளி எங்களுடையது என்ற எண்ணம் அப்படித்தான் வேரூன்றியது. 1925-ல் மேலிடத்திலிருந்து ஒரு தடை வந்ததும் அடுப்பு அணைந்தது. ஊர் பங்காளியாக இருக்கும் அடுப்பை அவ்வளவு எளிதில் அணைக்க முடியாது. இந்த விஷயத்தில் நான் கரிசல்காட்டான் பக்கம்.

தறிக்காரர் மகள்:
ஐயா, இங்கேதான் நான் உங்களோடு முரண்படுகிறேன். நான்கு பைசா திரட்ட வழியில்லாத ஊரின் பிள்ளை என்ன செய்யும்? பிள்ளையின் பசி ஊர்ப் பெரியவர்களின் மனதை நம்பி இருக்கலாகாது. 1920-ல் மாநகராட்சி அதைத் தன் கணக்கில் எழுதியது. அது தர்மமாகக் கொடுத்தது அல்ல, மன்றத்தில் நிறைவேறிய செலவு. 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். சத்துணவைத் தொடங்கியபோது ஊர்ப் பங்கு என்ற பேச்சே இல்லாமல் போனது. அந்த நியாயம் ஆயிரம் விளக்கின் நியாயம். தொடர்ச்சி என்று நான் சொல்வது இதைத்தான்.

பழைய வாத்தியார்:
இது நான் யோசிக்காத கோணம். நன்கொடை திரட்ட முடியாமல் வெறுங்கையோடு திரும்பிய தலைமை ஆசிரியர்களை நானே பார்த்திருக்கிறேன். ஊர்ப் பங்கைப் பற்றி நான் சொன்னதில் கொஞ்சம் குறைத்துக்கொள்கிறேன்.

கரிசல்காட்டான்:
நான் குறைத்துக்கொள்ளவில்லை. செலவு அரசின் பொறுப்பு என்பதை ஏற்கிறேன், அம்மா. ஆனால் ஐந்து பள்ளிகளில் கொடுத்ததும் குக்கிராமம் வரை கொடுத்ததும் ஒன்றல்ல. 1920-க்கு முதல் பக்கம் கொடுங்கள். எட்டயபுரத்தை அதன் அடிக்குறிப்பாக எழுதினால் மட்டும் விடமாட்டேன்.

தறிக்காரர் மகள்:
அடிக்குறிப்பாக எழுதமாட்டேன். இரண்டாம் பக்கம் முழுவதும் எட்டயபுரத்துக்கே. அதில் அப்பாவின் தட்டைப் பற்றி நீங்களே எழுதித் தருவீர்களா?