எங்கட பக்கத்து அழகு ராணிகள் வேலை செய்யக் கண்டவங்க சொல்லுங்களன்

நுளம்பக்கா, மட்டக்களப்பு

நான் டெங்குக் களப் பணியாளர். காலையில டோர்ச்சும் பதிவுக் கொப்பியும் எடுத்துக்கொண்டு வீடு வீடாப் போய், எங்க தண்ணி தேங்கி நிக்குது என்று பார்க்கிறதுதான் வேலை. ஒழுங்கையில விளையாடுற பொடியள் வெச்ச பேர்தான் மேலே இருக்கு. இனி அதை மாத்த ஏலாது.

இந்த வேலையில கஷ்டம் நுளம்பு இல்ல, கேற். "வீட்டில ஆம்பிள இல்ல, பின்னேரம் வாங்க" என்பாங்க. பின்னேரம் போனா, "காலையிலதானே வாறனீங்க, இப்ப என்ன?" என்பாங்க. சில இடத்தில நாய் மட்டும்தான் பதில் சொல்லும்.

ரெண்டு வருசத்துக்கு முந்தி ஒரு தை மாசம். நம்மட பக்கம் மாரி மழை பெய்து ஓய்ற மார்கழி, தை, மாசியிலதான் டெங்கு ஏறும். விழிப்புணர்வு நடைபவனி ஒண்டு வெச்சாங்க. முன்னுக்குப் பதாகை பிடிக்க, சித்திரைப் புத்தாண்டு விழாவில அழகு ராணியா வந்த பிள்ளையக் கூப்பிட்டிருந்தாங்க. தலையணைச் சமர், வழுக்கு மரம், கிடுகு பின்னுறது, யானைக்குக் கண் வைக்கிறது எல்லாம் முடிஞ்சு கடைசியா மேடையில நடக்குமே, அந்தப் போட்டிதான். இருபது வயசு இருக்கும். சாரி, தோளில பட்டி, தலையில ராணி முடி, கிரீடம். எனக்கு உள்ளுக்குள்ள சிரிப்பு. இந்தச் சாரியோட எந்தக் காணுக்குள்ள இறங்கப் போகுது என்று.

போட்டோ எடுத்தாச்சு, பெரியாக்கள் வாகனம் ஏறியாச்சு. மறுகா பார்த்தா அந்தப் பிள்ளை என்ட சைக்கிளுக்குப் பக்கத்தில நிக்குது. "அக்கா, நீங்க இப்ப எங்க போறீங்க?" எண்டு கேட்டுது. நாளைக்கு ஏழரைக்கு வா என்றேன், வராது எண்ட நம்பிக்கையில. ஏழேகாலுக்கே நிண்டுது, பழைய பாவாடையும் பாட்டா செருப்புமாக. பட்டிய மட்டும் பேக்குக்குள்ள மடிச்சு வெச்சிருந்துது.

முதல் வீட்டில வழமைபோல "இப்ப ஏலாது". அந்தப் பிள்ளை பட்டிய எடுத்துத் தோளில போட்டு கேற்றுக்கு மேலால எட்டிப் பார்த்துது. "ஐயோ, இது சித்திரைக்கு முடி வெச்ச புள்ளதானே! வாகா, உள்ளுக்கு வா." பிளேன்டி வந்துது, விசுக்கோத்து வந்துது. அவ கதிரையில இருந்து கதை குடுத்துக்கொண்டிருக்க, நான் பிரிட்ஜுக்குப் பின்னால இருக்கிற தட்டை இழுத்தேன். அதில குடம்பி, நுளம்புப் புழு, நெளியுது. அஞ்சு வருசம் பிரிட்ஜ் பாவிக்கிறாங்களாம், அப்பிடி ஒரு தட்டு இருக்கிறதே தெரியாதாம்.

குடம்பியை அவ அண்டைக்குத்தான் முதல் தரம் பார்த்தது. "அக்கா, இது தலைகீழாத் தொங்குது!" ஓம், வால் பக்கத்துக் குழாயாலதான் மூச்சு எடுக்கும், அதால தலை கீழ. டோர்ச் அடிச்சா சுருண்டு அடிக்குப் போயிடும். அவ ஒரு ஜாம் போத்தல் கேட்டு வாங்கி, நாலஞ்சு குடம்பியைத் தண்ணியோட ஊத்தி, வாயில நுளம்பு வலைத்துண்டைக் கட்டி, அடுத்த வீட்டுக்குக் கொண்டு வந்துட்டா. பதினொரு வருசமா இந்த வேலை செய்றேன், எனக்கு அது தோணினதே இல்ல. துண்டுப் பிரசுரத்தில அச்சடிச்ச படத்தை ஒருத்தரும் பார்க்கிறதில்ல. உயிரோட நெளியிறதை எல்லாரும் குனிஞ்சு பார்க்கிறாங்க. நாலாம் நாள் போத்தலுக்குள்ள காலில வெள்ளை வரி போட்ட நுளம்பு பறந்துது. அதைக் கண்ட ஒரு கிழவி, வாசல்ல கிடந்த யோகட் கப் எல்லாத்தையும் தானாவே பொறுக்கினா.

தண்ணியைக் கொட்டிட்டா மட்டும் சரிவராது, முட்டை பாத்திரத்துச் சுவரில ஒட்டிக் காஞ்சாலும் மாசக்கணக்கில உயிரோட கிடக்கும், தும்பு போட்டுத் தேய்க்கணும் எண்டு நான் சொன்னா அது வேற. அவ கைய விட்டுப் பூச்சாடித் தட்டைத் தேய்ச்சுக் காட்டினா அது வேற.

எல்லாம் நல்லா நடந்துது எண்டு இல்ல. ஒரு வீட்டில ஒராள், "அழகு காட்ட வந்தியா, நுளம்பு பிடிக்க வந்தியா?" எண்டு கேட்டார். கிறுகி ஒரு வார்த்தை பேசாம வெளிய வந்து, ரெண்டு வளவு தாண்டிப் போய்த்தான் அழுதுது. அடுத்த சனிக்கிழமையும் வந்துது. ஆனா அந்த ஒழுங்கைக்கு வர மாட்டேன் எண்டுட்டுது. நானும் வற்புறுத்தல்ல. மொத்தம் ஒன்பது சனிக்கிழமை.

உங்கட அனுபவத்தையும் எழுதுங்க. நல்லதுதான் எழுதணும் எண்டு இல்ல.

வாழைச்சேனையான்

அப்ப நல்லதில்லாததை நான் எழுதுறேன்.

வெள்ளம் வந்த ஒரு வருசம். நிவாரணம் கொண்டு வந்தவங்க யாரென்று சொல்ல மாட்டேன். ஏதோ போட்டியில பட்டம் எடுத்த பிள்ளை ஒண்டையும் கூட்டி வந்தாங்க. என்ட அம்மம்மாவுக்கு அரிசிப் பை குடுத்தாங்க. படம் சரியா வரல்லையாம், திருப்பி வாங்கி மறுபடி குடுத்தாங்க. அம்மம்மா ரெண்டாம் தரம் கைய நீட்டல்ல. "ஒருக்காத் தந்தது போதும் மனே" எண்டுட்டு உள்ளுக்குப் போயிட்டா. அஞ்சு கிலோ அரிசிக்கு ரெண்டு தரம் கும்பிடணுமா?

ஒண்டு மட்டும் சொல்லணும். அந்தப் பிள்ளைக்கு எங்க நிக்கணும், எங்க பார்க்கணும் எண்டு இன்னொருத்தர்தான் கை காட்டினது. சேத்துக்குள்ள செருப்பு புதைஞ்சு, அதை இழுக்கவும் ஏலாம சிரிச்சுக்கொண்டு நிண்டுது. ஆத்திரம் அதில இல்ல எனக்கு.

சாய்ந்தமருது ராத்தா

எங்கட ஊர்ப் பக்கம் பிள்ளையள் மேடை ஏறி அழகுப் போட்டி செய்ற வழக்கம் இல்ல. உம்மாக்கு இந்தக் கதையே பிடிக்காது. அதால நான் சொல்லப் போறது உங்களுக்குப் புதினமா இருக்கும்.

2024 கார்த்திகை வெள்ளம். காரைதீவு மாவடிப்பள்ளி ரோட்டெல்லாம் தண்ணிக்குள்ள கிடந்த நேரம். நாங்க ஒரு பள்ளிக்கூடத்தில இருந்தோம், வகுப்பறைக்கு ஏழெட்டுக் குடும்பம். லொறி லொறியா சாமான் வந்துது. அரிசி, பருப்பு, சீனி, பால்மா, பாய். எல்லாம் ஆம்பிளயள் எழுதின லிஸ்ட். எனக்கு மாசச் சுகம் வந்து ரெண்டாம் நாள். யாரிட்டக் கேக்கிற? சாரத்தைக் கிழிச்சு வெச்சிருந்தேன், அதைக் கழுவிக் காயப் போடவும் இடமில்ல. முழுக்க ஈரம்.

மூணாம் நாள் தமிழ்ப் பக்கத்தில இருந்து ஒரு கூட்டம் வந்துது. அதில ஒரு பிள்ளை சாமான் குடுக்கிற வரிசைக்கே வரல்ல. நேரா பொம்பிளயள் இருந்த வகுப்பறைக்கு வந்து கதவைச் சாத்திட்டு, "அக்காமார், பேப்பர்ல சுத்தினது இருக்கு, யாருக்கு வேணும்?" எண்டு கேட்டுது. ஒருத்தரும் வாய் திறக்கல்ல. அது மேசையில பையை வெச்சுட்டு, "நான் வெளிய நிக்கிறேன், எடுத்துட்டுக் கூப்பிடுங்க" எண்டு போயிட்டுது. பத்து நிமிசத்தில பை காலி. பாவிச்சதைப் போடக் கறுப்பு ஷொப்பிங் பேக்கும் தனியா வெச்சிருந்துது. அதைத்தான் நான் மறக்க மாட்டேன். சுத்திவரத் தண்ணி நிக்கிற இடத்தில அதை எங்க எறியுறது எண்டு யோசிச்சிருக்கே!

அது போட்டியில பட்டம் எடுத்த பிள்ளை எண்டு எனக்குத் தெரிஞ்சது மாசக் கணக்குக்குப் பிறகு, தங்கச்சிட போன்ல. முகத்தைக் கண்டதும், "இது எங்கட பள்ளிக்கூடத்துக்கு வந்த புள்ள" எண்டேன். உம்மா வாங்கிப் பார்த்தா. ஒண்டும் சொல்லல்ல. "நல்ல புள்ளதான்" எண்டு மட்டும் கொஞ்சம் பிந்திச் சொன்னா.

அம்பாறை லிகிதர்

நான் அம்பாறை டவுனில வேலை செய்கிற தமிழன். எங்கள் பக்கத்தில் சித்திரைக்கு அவுருது குமாரி, அதாவது புத்தாண்டு அழகு ராணி, தெரிவு செய்யாத கந்தோரே குறைவு. ஒரு முறை எங்கள் இரத்ததான முகாமுக்கு அந்த வருஷத்துக் குமாரியைக் கொண்டு ஆரம்பித்து வைக்கலாம் என்று முடிவு. முதல் ஆளாக அவவே இரத்தம் கொடுப்பது என்று ஏற்பாடு. கமராவோடு ஆட்கள் ரெடி.

நேர்ஸ் விரலில் குத்தி, ஒரு துளியை அந்த நீல நிறத் தண்ணீருக்குள் விட்டா. கண்டவர்களுக்குத் தெரியும், துளி தாழ்ந்தால் இரத்தம் சரி, மிதந்தால் ஹீமோகுளோபின் காணாது. 12.5 வேண்டும். துளி மிதந்தது. இன்னொரு தரம் குத்தினா. திரும்பவும் மிதந்தது. அந்தப் பிள்ளையின் முகம் போன போக்கு! போட்டிக்காக ரெண்டு மாதம் இராச் சாப்பாட்டை விட்டவவாம், சிங்களத்தில் மெதுவாகச் சொன்னா. நேர்ஸ் அவவுக்குக் கொடுத்த பேச்சு எங்கள் எல்லோருக்கும் கேட்டது. 

பத்திரிகைக்குப் போன படத்தில் அவ இரத்தம் கொடுக்கவில்லை, பதிவு மேசையில் இருந்து பேர் எழுதிக்கொண்டிருந்தா. பின்னேரம் மூன்று மணி வரைக்கும் எழுதினா. தமிழ்ப் பேர்களை எப்படி எழுதுவது என்று என்னிடம் கேட்டுக் கேட்டு. என் பேரையே மூன்று தரம் வெட்டி எழுதினா.

ஆறு மாதம் கழித்து அடுத்த முகாம். ஒருவரும் அழைக்கவில்லை, வந்தா. துளி தாழ்ந்தது. அண்டைக்குக் கமரா இல்லை.

கல்முனையில் பிறந்து எங்கோ இருக்கிறவன்

மிஸ் வேர்ல்ட் போட்டியில் "நோக்கமுள்ள அழகு" என்ற பேரில் சமூகப் பணியைச் சேர்த்தது 1972இல். மிஸ் அமெரிக்காவில் 1989இலிருந்து ஒவ்வொரு போட்டியாளரும் ஒரு சமூகப் பிரச்சினையை எடுத்துக்கொண்டு அதற்காக வேலை செய்ய வேண்டும் என்று வந்தது. 2017இல் மிஸ் வேர்ல்ட் ஆன மானுஷி சில்லர் எடுத்தது மாதவிடாய்ச் சுகாதாரம். ராத்தா சொன்ன அதே விஷயம். அங்கெல்லாம் அது புள்ளிக் கணக்கில் சேரும். நம்மட ஊர்ப் பிள்ளைகளுக்கு ஒரு புள்ளியும் இல்லை, பரிசு ரைஸ் குக்கரோடு முடிந்தது. அதைத்தான் சொல்ல வந்தேன். சரி, நீங்க சொல்லுங்க.

மண்டூர்ப் பக்கத்து அப்பா ஒருவர்

இவ்வளவும் வாசித்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் கண்டவன் இல்லை, பெற்றவன்.

மகள் போட்டிக்குப் போனதே எனக்குத் தெரியாது. மனிசியும் மகளும் மச்சாள் வீட்டில் வைத்து சாரி தைத்திருக்கிறார்கள். பட்டத்தோடு வந்து இறங்கினாள். நான் ஒரு கிழமை அவளோடு கதைக்கவில்லை. வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையில் இருப்பவர்களுக்கு இது பெரிய விஷயமாகத் தெரியாது. மேற்கே எங்கள் படுவான்கரையில், விடிய வயலுக்குப் போனால் வரம்பில் நிற்கிறவன் எல்லாம் கேட்பான். பேசி வைத்திருந்த ஒரு சம்பந்தமும் பின்வாங்கியது. காரணம் வேறு சொன்னார்கள். காரணம் எனக்குத் தெரியும்.

மறுகா அவள், சனிக்கிழமைகளில் உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக் கொடுக்கப் போகிறேன் என்றாள். கோயில் மண்டபத்தில். முதல் நாள் நாலு பிள்ளைகள். ரெண்டாம் கிழமை முடியைக் கொண்டு போனாள். ஒரு பாடம் பிழையில்லாமல் வாசிக்கிற பிள்ளைக்கு அண்டைக்கு முடி. மூன்றாம் கிழமை இருபத்திமூன்று பிள்ளைகள், பொடியன்களும் சேர்த்து. ஒரு பொடியன் முடியோடே வாவியில் தோணி தள்ளப் போய்விட்டான், தகப்பன் பிடித்துக்கொண்டு வந்து தந்தார்.

அது ஒன்றும் தங்கம் இல்லை, தகரமும் கண்ணாடியும். கை மாறி மாறிக் கல்லெல்லாம் கழன்றது. சனிக்கிழமை இரவானால் முடி மேசையில் கிடக்கும், கழன்ற கற்கள் ஒரு தீப்பெட்டிக்குள். அவள் என்னிடம் கேட்கவில்லை. ஒரு நாள் நானே குருமண்வெளிப் பாதையில், வாவியைக் கடக்கிற மிதவையில், அக்கரை போன நேரம் கடையில் சுப்பர் குளூ வாங்கி வந்தேன். லாம்புக்குக் கீழே இருந்து ஒட்டினேன். விரல் ஒட்டிக்கொண்டது. அவள் வெந்நீர் கொண்டு வந்தாள். அண்டைக்குத்தான் திரும்பக் கதைத்தோம்.

வாழைச்சேனைத் தம்பி, உங்கள் அம்மம்மா செய்தது சரி. அந்தப் பிள்ளைக்கும் ஒரு அப்பா இருப்பார், அந்தப் படத்தை அவரும் பார்த்திருப்பார்.

வாழைச்சேனையான்

ஓம் ஐயா. அந்தக் கோணத்தில நான் யோசிக்கல்ல. ஆனா அரிசிப் பை விஷயத்தில என்ட கோவம் இன்னும் அப்பிடியேதான்.

நுளம்பக்கா, மட்டக்களப்பு

அப்பா எழுதினதை ஒபிஸில இருந்து வாசிச்சேன். பக்கத்து மேசை அக்காவையும் கூப்பிட்டுக் காட்டினேன்.

தனியாக் கேட்ட ரெண்டு பேருக்கும் பதில்: அந்தப் பிள்ளை இப்ப வாறதில்ல. கொழும்பில வேலை கிடைச்சுப் போயிட்டுது. போக முதல் ஜாம் போத்தலை என்ட மேசையில வெச்சிட்டுப் போனது, இன்னும் அதைத்தான் கொண்டு திரியுறேன். மூடி துருப்பிடிச்சிட்டு.

போன சித்திரைக்கு நான் விழாவுக்குப் போனேன். முந்தி அழகு ராணிப் போட்டி தொடங்கினா எழும்பி வீட்டை போறனான். இந்த முறை கடைசி வரைக்கும் இருந்து, முடி வெச்ச கையோட மேடைக்குப் பின்னால போய்ப் புதுப் பிள்ளையிட நம்பரைக் கேட்டேன். அது பயந்துட்டுது, நான் கலியாணம் பேச வந்தேன் எண்டு நினைச்சிட்டுது போல. விஷயத்தைச் சொன்னதும், எத்தனை மணிக்கு எண்டு கேட்டுது.

ஏழரைக்கு எண்டேன். நனைஞ்சா பரவாயில்லாத செருப்புப் போட்டுக்கொண்டு வரச் சொன்னேன்.