‘பாட்டில்நெக்’ என்பதற்குத் தமிழில்: ‘குறுமடை’ என் பரிந்துரை

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். ஓர் ஓட்டத்தின் மொத்த வேகத்தையும் கட்டிப்போடும் குறுகலான இடத்தை ஆங்கிலத்தில் ‘பாட்டில்நெக்’ என்கிறோம். அந்தச் சொல்லுக்குத் தமிழ் தேடும் நம் உரையாடலில் இதுவரை புட்டிக்கழுத்து, முட்டுக்கட்டை, இடையூறு, நெரிசல், இடுக்கு என ஐந்து சொற்கள் வந்திருக்கின்றன. ஐந்தையும் இரண்டு வாரமாகப் பேச்சில் போட்டுப் பார்த்தேன். அந்த அனுபவத்தை வைத்துத்தான் ஆறாவதாக ஒரு சொல்லை முன்வைக்கிறேன்.

முதலில், இந்தச் சொல் எனக்கு ஏன் இவ்வளவு அவசரமாகத் தேவைப்பட்டது என்று சொல்லிவிடுகிறேன். வீட்டில் விளையாட்டுக்கென்று கணினி கட்டுகிறவர்கள் இரண்டு பேர் சந்தித்தால் பேச்சு சுற்றிச் சுற்றி இதில்தான் வந்து நிற்கும். உன் செயலி (சி.பி.யு.) என்ன, படம் வரையும் கிராபிக்ஸ் கார்டு என்ன, நொடிக்கு எத்தனை பிரேம் (படம்) வருகிறது, எது இழுத்துப் பிடிக்கிறது. அந்தக் கடைசிக் கேள்விக்குத் தமிழில் சரியான சொல் இல்லாததால் நானே பணத்தைத் தவறான இடத்தில் போட்டிருக்கிறேன்.

என்னிடம் இருந்தது கோர் ஐ5 6500. 2015இல் வந்த செயலி. நான்கு கோர் (கணக்குப் போடும் அலகு), நான்கு இழை (ஒரே நேரத்தில் ஓடும் வேலை வரிசை). அதோடு ஜி.டி.எக்ஸ். 1060 கார்டு. நகரத்துத் தெருக்களில் வண்டி ஓட்டும் விளையாட்டு ஒன்றில் நொடிக்கு 55 பிரேம் வந்துகொண்டிருந்தது. கடையில் கேட்டேன். “கார்டை மாத்துங்க சார், பாட்டில்நெக் எல்லாம் இருக்காது” என்றார்கள். 12 ஜி.பி. நினைவகம் கொண்ட ஆர்.டி.எக்ஸ். 3060 வாங்கிப் போட்டேன். 55 என்பது 61 ஆனது, அவ்வளவுதான். கடைக்காரரும் அந்தச் சொல்லைச் சொன்னார், நானும் தலையாட்டினேன். அந்தச் சொல் கண்ணுக்கு எதையுமே காட்டவில்லை.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் சித்தி மகனான தம்பி தன் கணினியைத் தூக்கிக்கொண்டு வந்தான். அவனிடம் ரைசன் 5 5600. ஆறு கோர், பன்னிரண்டு இழை. ஆனால் கார்டு 4 ஜி.பி. ஜி.டி.எக்ஸ். 1650. இரண்டு பெட்டியையும் ஒரே மேசையில் வைத்து, ஒரே விளையாட்டில் ஒரே தெருமுனையில் நிறுத்திப் பார்த்தோம். அவனுக்கு 48 பிரேம். கார்டு 99 விழுக்காடு வேலை செய்கிறது, செயலி 35இல் சும்மா கிடக்கிறது. எனக்கு 61, நான்கு கோரும் நூறை முட்டுகின்றன, கார்டு 55இல் காத்துக்கொண்டிருக்கிறது. என் கணினியில் பிரிதிறனை, அதாவது படத்தின் புள்ளிகளின் எண்ணிக்கையை, 1080இலிருந்து 720க்கு இறக்கினேன். படம் மங்கியது, எண் அசையவில்லை. அதே 61. கார்டின் சுமை பாதிக்கும் கீழே போன பிறகும் ஒரு பிரேம்கூடக் கூடவில்லை என்றால், தடுத்து நிறுத்துவது கார்டு இல்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

இரண்டு பெட்டியின் பக்கத் தகடுகளையும் கழற்றினோம். என் கார்டின் திருகுகளை எடுத்து, மதர்போர்டுப் பொருத்தின் ஓரத்தில் உள்ள சிறிய நெம்பை அழுத்தி, கார்டை நேராக மேலே இழுத்தேன். அவனுடைய பொருத்தில் வைத்து அழுத்தியதும் ‘டக்’ என்று பிடித்துக்கொண்டது. எட்டு முனை மின்கம்பியைச் செருகி ஓட்டினோம். அதே தெருமுனை, 104 பிரேம்.

கணக்கைப் பாருங்கள். ஒவ்வொரு பிரேமுக்கும் முதலில் செயலி வேலை செய்ய வேண்டும்: எந்த வண்டி எங்கே நிற்கிறது, யார் எந்தப் பக்கம் நடக்கிறார், எதையெல்லாம் வரைய வேண்டும். அதை முடித்துக் கார்டிடம் கொடுக்கும். கார்டு வரைகிற நேரத்தில் செயலி அடுத்த பிரேமுக்குப் போய்விடும். என் பெட்டியில் செயலிக்கு ஒரு பிரேமுக்கு ஏறக்குறைய 16.3 மில்லி நொடி, கார்டுக்கு 9. இரண்டையும் கூட்டக் கூடாது; மெதுவானது எதுவோ அதுதான் வேகத்தைத் தீர்மானிக்கும். 16.3 மில்லி நொடிக்கு ஒன்று என்றால் நொடிக்கு 61 சொச்சம். கார்டை 9இலிருந்து 4 ஆக்கினாலும் அதே 61தான்.

இனி வந்த சொற்களைப் பார்ப்போம்.

புட்டிக்கழுத்து: ஆங்கிலத்தை அப்படியே பெயர்த்தது. நம்மில் பாதிப் பேர் பாட்டில் என்போம், ஈழத்து நண்பர்கள் போத்தல் என்பார்கள், புட்டி என்பது மருந்துக் கடையோடு நின்றுபோனது. அதைவிடப் பெரிய குறை, புட்டியின் கழுத்தைப் பார்த்து வேகத்தை எடைபோடும் பழக்கம் நம் மொழியில் இல்லை. கேட்டவுடன் படம் விரியாத சொல்லை விளக்கத்தோடு சேர்த்தே சுமக்க வேண்டியிருக்கும்.

முட்டுக்கட்டை: தம்பியிடம் அன்றைக்கே சொல்லிப் பார்த்தேன். “என் செயலிதான் முட்டுக்கட்டை.” உடனே கேட்டான், “ஏன்ணே, ஓடவே மாட்டேங்குதா?” சக்கரத்துக்கு அடியில் வைத்தால் வண்டி நகராது, அதுதான் முட்டுக்கட்டை. என் வண்டி ஓடிக்கொண்டுதான் இருந்தது, 61இல். இடையூறுக்கும் இதே கோளாறு. வெளியிலிருந்து வந்து கெடுப்பதுதான் இடையூறு. என் செயலி எதையும் கெடுக்கவில்லை, தன்னால் முடிந்த அளவு முழுமூச்சாக வேலை செய்துகொண்டிருந்தது.

நெரிசல் என்பது விளைவு. பாலம் குறுகியதால் பின்னால் வண்டிகள் தேங்குகின்றன. தேக்கத்துக்குப் பெயர் நெரிசல், பாலத்துக்குப் பெயர் அது இல்லை. இடுக்கு என்பதை முன்வைத்த ஐயாவின் வழி எனக்குப் பிடித்திருக்கிறது. இடம் குறுகல் என்பதைச் சரியாகச் சொல்கிறது. ஆனால் இடுக்கில் எதுவும் ஓடுவதில்லை. கதவிடுக்கில் விரல் மாட்டும், சுவரிடுக்கில் பல்லி ஒளியும். நமக்கு வேண்டியது ஒன்று ஓடிக்கொண்டிருக்கும் இடத்தின் குறுகல்.

ஓடுவது, குறுகும் இடம், அந்த இடம் மொத்த ஓட்டத்தின் அளவையும் கட்டுவது. இந்த மூன்றையும் ஒரே பார்வையில் காட்டுவது மடை, அதாவது வயலுக்கு நீர் பாயும் திறப்பு. மடை பழஞ்சொல்தான், ஆனால் செத்துப்போன சொல் இல்லை. காவிரியில் தண்ணீர் திறந்தால் ‘கடைமடை வரை போய்ச் சேர்ந்ததா’ என்று செய்தித்தாள் இன்றும் கேட்கிறது. பேச்சு மடை திறந்த வெள்ளமாக வருகிறது என்கிறோம். நிதியை, கவனத்தை வேறு பக்கம் திருப்புவதை மடைமாற்றம் என்று அன்றாடம் எழுதுகிறோம். வயல் பார்க்காத பிள்ளைகளும் மடைமாற்றம் என்றால் புரிந்துகொள்கிறார்கள். அந்த வேரில் ‘குறு’ சேர்த்துக் குறுமடை. குறுகிய மடை, அதன் வழியே போவதுதான் மொத்தமும்.

தம்பியிடம் இதையும் சொன்னேன். “என் பெட்டியில செயலி குறுமடை, உன் பெட்டியில கார்டு குறுமடை.” ஒரு நொடி யோசித்துவிட்டு, “அப்போ கார்டை மாத்திட்டோமே, இப்ப எது குறுமடை?” என்று கேட்டான். இந்தக் கேள்விக்காகத்தான் நான் இந்தச் சொல்லுக்காக வாதாடுகிறேன். முட்டுக்கட்டையை எடுத்துவிட்டால் கதை முடிந்தது, அடுத்தது எது என்று யாரும் கேட்க மாட்டார்கள். மடை என்றால் ஒன்றை அகலப்படுத்தியதும் அடுத்த மடை நினைவுக்கு வந்துவிடுகிறது. குறுமடை இல்லாத கணினி கிடையாது. அது எங்கே இருக்கிறது என்பதுதான் மாறும்.

அவன் கேள்விக்கு விடையும் அங்கேயே கிடைத்தது. 104 வந்தபோது கார்டு 97 விழுக்காட்டில் இருந்தது, அதாவது இன்னும் கார்டுதான். ஆனால் கூட்டம் நிறைந்த சந்தைத் தெருவுக்குள் போனதும் எண் திடீர் திடீரென்று 60க்கும் கீழே விழுந்து எழுந்தது. பெட்டிக்குள் பார்த்தால் நான்கு ரேம் பொருத்தில் ஒன்றில் மட்டும் 16 ஜி.பி. ரேம் ஒன்று நின்றது. டி.டி.ஆர்.4 3200 ரேம் ஒற்றை வாய்க்காலில் (சேனல்) நொடிக்கு 25.6 ஜி.பி. தரும், இரண்டு வாய்க்காலிலும் போட்டால் 51.2. அடுத்த வாரம் அவன் அதே மாதிரி இன்னொன்று வாங்கிச் சரியான பொருத்தில் போட்டான். தெருமுனையில் அதே 104. சந்தையில் விழுவது பெருமளவு நின்றது. ஒரே விளையாட்டில், ஒரே நிமிடத்துக்குள், குறுமடை கார்டிலிருந்து நினைவகத்துக்குப் போய்த் திரும்புகிறது.

இதனால்தான், இந்தச் செயலிக்கு இந்தக் கார்டு போட்டால் இத்தனை விழுக்காடு ‘பாட்டில்நெக்’ என்று ஒற்றை எண் சொல்லும் இணையக் கணிப்பான்களை நான் நம்புவதில்லை. 1080 என்பது ஏறக்குறைய 20.7 லட்சம் பிக்சல். 4கே என்பது அதைப் போல் நான்கு மடங்கு, 82.9 லட்சம். 1080இல் செயலி குறுமடையாக நிற்கும் அதே பெட்டியில் 4கே வைத்தால் கார்டு குறுமடை ஆகிவிடும். டி.எல்.எஸ்.எஸ்., எப்.எஸ்.ஆர். போன்ற, சிறிதாக வரைந்த படத்தைப் பெரிதாக்கிக் காட்டும் நுட்பங்களைப் போட்டால் கார்டு உள்ளுக்குள் குறைந்த பிரிதிறனில் வரைவதால் குறுமடை மறுபடியும் செயலிப் பக்கம் நகரும். எந்த மடையையும் தனியாகப் பார்த்துக் குறுகல் என்றோ அகலம் என்றோ சொல்ல முடியாது. வரும் நீரையும் மற்ற மடைகளையும் சேர்த்துப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

இன்னொரு எடுத்துக்காட்டு, 2022 தொடக்கத்தில் வந்த ஆர்.எக்ஸ். 6500 எக்ஸ்.டி. கார்டு. அதற்கு 4 ஜி.பி. நினைவகம், மதர்போர்டோடு பேச நான்கே பி.சி.ஐ.இ. தடங்கள். நான்காம் தலைமுறைப் பலகையில் அந்த நான்கும் நொடிக்கு ஏறக்குறைய 8 ஜி.பி. கடத்தும். பழைய மூன்றாம் தலைமுறைப் பலகையில் அதில் பாதிதான். கார்டின் நினைவகம் நிரம்பி, படத் துணுக்குகளைக் கணினியின் ரேமிலிருந்து இழுக்க வேண்டி வந்தால் விளையாட்டு தடுமாறும். குறைந்த செலவில் பழைய கணினியை மேம்படுத்த நினைத்தவர்களுக்குத்தான் இதனால் அதிக இழப்பு. கார்டில் பழுதில்லை, பலகையிலும் பழுதில்லை. இரண்டும் சேரும் இடம்தான் குறுமடை. இதை முட்டுக்கட்டை, இடையூறு என்றெல்லாம் எழுதினால் படிப்பவர் ஏதோ ஒன்று கெட்டுப்போய்விட்டது என்று எடுத்துக்கொள்வார்.

விளையாட்டுக் கணினிக்கு மட்டுமே பொருந்தும் சொல் நமக்கு வேண்டாம் என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். சரியான எச்சரிக்கை. கணினி அறிஞர் ஜான் பேக்கஸ் 1977இல், கணினித் துறையின் உயரிய விருதான டூரிங் விருதைப் பெற்ற உரையில், செயலிக்கும் நினைவகத்துக்கும் நடுவே எல்லாத் தரவும் ஒவ்வொன்றாகப் போய்வர வேண்டிய அந்தக் குழாயைச் சுட்டிக்காட்டி, அதற்குக் கணித அறிஞர் வான் நியூமன் பெயரோடு இந்தச் சொல்லைச் சேர்த்துப் பெயரிட்டார். அதைத் தமிழில் ‘வான் நியூமன் குறுமடை’ என்று எழுதிப் பாருங்கள். அவர் சொன்ன குழாய் அப்படியே தெரிகிறது. ‘வான் நியூமன் முட்டுக்கட்டை’ என்றால் அவர் யாருக்கோ குறுக்கே நின்றதுபோல் இருக்கிறது. தொழிற்சாலை, துறைமுகம், தடுப்பூசி வினியோகம் எதற்கும் குறுமடை பொருந்தும். எல்லாமே வரிசையாகக் கடந்து போகும் ஓட்டம்தான்.

மறுப்புகள் வரும் என்று தெரியும். மடை என்றதும் மடையன் நினைவுக்கு வருகிறது என்று தம்பியின் நண்பன் ஒருவன் சொன்னான். கடைமடை, மடைமாற்றம் என்ற சொற்களில் யாருக்கும் அது நினைவுக்கு வருவதில்லை, பழகினால் இதிலும் வராது. மடை என்பதற்குத் தெய்வத்துக்குப் படைப்பது என்ற பொருளும் உண்டு, மடைப்பள்ளி அந்த வழியில் வந்தது. ஈழத்து வன்னியில் குளத்து மதகைத் துருசு என்கிறார்கள், அங்கே மடை என்றால் முதலில் படையல்தான் தோன்றும் என்ற மறுப்பை நான் எடையோடு ஏற்கிறேன். ஆனால் ‘குறு’ சேர்ந்தபின் படையல் பொருள் விலகிவிடும் என்று நம்புகிறேன். ஈழத்து நண்பர்கள் தங்கள் காதுக்கு எப்படிப் படுகிறது என்று எழுத வேண்டும், அவர்கள் சொல்வதுதான் இதில் முடிவு.

தீராத சிக்கல் ஒன்று என்னிடமே இருக்கிறது. 60 ஹெர்ட்ஸ் திரையில் 104 பிரேம் வந்தாலும் நொடிக்கு 60 புதுப் படம்தான் காட்ட முடியும். அந்தத் திரையும் குறுமடையா? நான் ஆம் என்கிறேன். ஆனால் விளையாட்டு அமைப்பிலேயே ‘60க்கு மேல் வேண்டாம்’ என்று நாமே வரம்பு வைத்தால், சூட்டையும் மின்செலவையும் குறைக்கத் தெரிந்தே வைத்த மதகு அது. அதற்குப் பிரேம் வரம்பு என்றே சொல்லலாம், குறுமடை என்ற சொல்லை அதற்குத் தர எனக்கு மனமில்லை.

வினையாக்குவதில் ஐயாவின் உதவி வேண்டும். ‘செயலி குறுமடையாக நிற்கிறது’ என்று எழுதிவருகிறேன், அது சரளமாக வருகிறது. தொடராக்கும்போது ‘செயலிக் குறுமடை’ என்றால் செயலிக்குள் இருக்கும் குறுமடையா, செயலியே குறுமடையா என்று மயக்கம் வருகிறது. ஏனென்றால் செயலிக்குள்ளும் தற்காலிகச் சேமிப்பு (கேஷ்) குறுமடை ஆவதுண்டு. ரைசன் 7 5800எக்ஸ்3டியில் அந்தச் சேமிப்பை 96 எம்.பி. ஆக்கியதும் பல விளையாட்டுகள் வேகம் பிடித்ததே அதனால்தான். இரண்டையும் பிரித்துக் காட்ட ‘செயலியகக் குறுமடை’ என்று ஒன்றை வைத்துக்கொள்ளலாமா, அல்லது கேட்கக் கரடுமுரடாக இருக்கிறதா?