மாமாவின் கிணறும் 1.4 என்ற எண்ணும்

கொழிஞ்சாம்பாறைப் பக்கம், பாலக்காடு மாவட்டம்:

என் அக்காவைக் கட்டிக்கொடுத்தது நெய்வேலிக்குக் கிழக்கே ஒரு கிராமத்தில். சென்ற பங்குனியில் போயிருந்தபோது மாமா என்னைக் கிணற்றடிக்கு அழைத்துப் போனார். "மாப்பிள்ளை, இந்தப் படியில் உட்கார்ந்து கால் நனைத்திருக்கிறேன்" என்றார். தண்ணீர் எங்கோ கீழே கிடந்தது. எப்போதிலிருந்து இப்படி என்று கேட்டேன். அவரால் சொல்ல முடியவில்லை. சுரங்கமா, மழைக்குறைவா, சுற்றிலும் போட்ட போர்வெல்களா? பிரித்துக் காட்ட எங்கள் கையில் ஓர் எண்கூட இல்லை. அது இன்றும் என்னை உறுத்துகிறது.

அங்கே பழுப்பு நிலக்கரிப் படுகைக்கு அடியில் நிலத்தடி நீர் பெரும் அழுத்தத்தோடு நிற்கிறது. இரவும் பகலும் இறைக்காவிட்டால் சுரங்கத்தின் தரை பொங்கி உடைந்துவிடும். இறைத்த நீர் பரவனாற்றில் சேர்ந்து பாசனத்துக்கும் போகிறது. ஆகவே ஓர் ஊரில் கோடையிலும் வாய்க்கால் ஓடும், இன்னோர் ஊரில் போர்வெல்லுக்குக் குழாய் சேர்த்துக்கொண்டே போவார்கள். "சுரங்கம் தண்ணீரைக் கொண்டுபோய்விட்டது" என்று பொதுவாகச் சொன்னால் எவரும் எளிதில் மறுத்துவிடலாம். எந்தக் கிணறு, எத்தனை அடி, எந்த மாதம் என்று சொன்னால்தான் பேச்சு நிற்கும். வாலாஜா ஏரியில் சுரங்க மண் படிந்து தூர்ந்தது எல்லோர் கண்ணிலும் பட்டது. நிலத்துக்கு அடியில் நடப்பது அப்படிப் படாது.

மறுநாள் மோட்டாரைக் கால் மணி நேரம் ஓடவிட்டு, அதே நீரில் புட்டியை மூன்று முறை அலசி நிரப்பினோம். பரிசோதனைத் தாளில், நீரில் எவ்வளவு உப்பு கரைந்திருக்கிறது என்று காட்டும் மின்கடத்தும் திறன் மீட்டருக்கு 1.4 டெசிசீமென்ஸ் என்று வந்தது. 0.75க்குள் இருந்தால் பெரும்பாலான பயிருக்குக் கவலையில்லை, 2.25ஐத் தாண்டினால் உப்பு மிக அதிகம். மாமாவினுடையது நடுவில். பத்து ஆண்டுகளுக்கு முன் 0.6 இருந்திருந்தால் இது கெட்ட செய்தி. அன்றும் 1.4 என்றால் சுரங்கத்தைக் குறைசொல்ல இடமில்லை. எது உண்மை என்று இனி ஒருவராலும் சொல்ல முடியாது.

நகரி, ஆந்திர எல்லை:

அண்ணா, கோதாவரிக் கரை நிலக்கரிப் பகுதியில் சில ஆண்டுகள் லாரி ஓட்டினேன். திறந்தவெளிச் சுரங்கத்தை ஒட்டிப் பருத்திக் காடுகள். காய் வெடித்த நேரத்தில் கரித்தூசி விழுந்தால் பஞ்சின் நிறமே மாறிவிடும். அங்கே ஒரு பெரியவர், சுரங்க நீர் ஓடையில் சேரும் இடத்துக்கு மேலே ஒரு புட்டி, கீழே ஒரு புட்டி என்று எடுப்பார். பழைய கணக்கு இல்லாதவனுக்கு அந்த மேல் புட்டிதான் சாட்சி என்பார். இன்னொன்று: நிலக்கரியோடு வரும் பைரைட் என்ற இரும்பு-கந்தகக் கனிமத்தில் காற்றும் ஈரமும் பட்டால் அமிலமாகும். வெறும் உப்புச் சோதனையோடு விடாமல் அமிலத்தன்மை, சல்பேட், இரும்பு மூன்றையும் கேட்டுப் பாருங்கள்.

கொழிஞ்சாம்பாறைப் பக்கம்:

மேல் புட்டி எனக்குத் தோன்றவே இல்லை, தம்பி. சுரங்கத்துக்கு எட்டாத தூரத்தில், அதே மண்ணும் அதே ஆழமும் உள்ள ஒரு கிணற்றையும் சேர்த்துப் பார்க்க மாமாவிடம் சொல்கிறேன்.

நான் பிளாச்சிமடைக்குப் பக்கத்துக்காரன். அங்கே நிலத்தடி நீரை உறிஞ்சிய குளிர்பான ஆலை 2004இல் நின்றது. 2010இல் கேரள அரசின் உயர்நிலைக் குழு அந்த ஆலையால் வந்த நட்டத்தை 216.26 கோடி ரூபாய் என்று கணித்தது. அத்தனையும் கண்முன் நடந்தும் என் கிணற்றை நான் அளந்து வைக்கவில்லை. இப்போது மாதம் பிறந்ததும் கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கி, அடிக்கணக்கை நோட்டில் எழுதுகிறேன். எங்கள் பக்கத்துப் பாசனத்துக்கு மூலத்தறை மதகில் ஆழியாற்று நீர் திறந்த நாளையும் குறிக்கிறேன். வாய்க்கால் ஓடினால் கிணறும் ஏறும், அதைக் குறிக்காவிட்டால் கணக்கு பொய்யாகிவிடும்.

மாமாவுக்கும் ஒரு நோட்டு அனுப்பினேன். முதல் வரியில் தேதி போட்டு 1.4 என்று அக்கா எழுதியிருக்கிறாள்.