இஃப் வாக்கியங்கள்: எழுதினால் சரி, பேசினால் பிழை

கேள்வி:
வணக்கம். வணிகவியலில் பட்டம் பெற்று வேலை தேடிக்கொண்டிருக்கிறேன். ஆங்கில நிபந்தனை வாக்கியங்களில் கோடிட்ட இடங்களை நிரப்பச் சொன்னால் பெரும்பாலும் சரியாக எழுதிவிடுகிறேன். ஆனால் பேசும்போது பிழையாகவே வருகிறது. சென்ற வாரம் ஒரு நேர்காணலில் ‘இஃப் ஐ வில் கெட் திஸ் ஜாப்’ என்று தொடங்கி, தவறு என்று உணர்ந்து பாதியில் நின்றுவிட்டேன். ‘இஃப் ஐ வுட் ஹேவ் நோன்’ என்பதும் அடிக்கடி வாயில் வருகிறது. மூன்று வகைகளின் வாய்பாடுகளும் எனக்கு மனப்பாடம். தனியாக இருந்து பயிற்சி செய்ய வழி சொல்லுங்கள்.

மறுமொழி 1:
நான் பல ஆண்டுகள் பள்ளியில் ஆங்கிலம் கற்பித்து ஓய்வு பெற்றவன். ‘வேலை கிடைக்கும் என்றால்’ என்று மனத்தில் நினைத்துக்கொண்டு பேசுவதால்தான் அங்கே ‘வில்’ நுழைகிறது. அதையே ‘கிடைத்தால்’ என்று நினைத்துப் பாருங்கள். வந்தால், படித்தால், போனால் என எதை எடுத்தாலும் ‘ஆல்’ என்னும் விகுதி இறந்தகால வடிவத்தோடுதான் சேர்கிறது. ‘வருவால்’ என்று தமிழில் எவரும் சொல்வதில்லை. எதிர்காலம் ‘வருவேன்’, ‘வாங்குவேன்’ என்று வாக்கியத்தின் மறுபாதியில்தான் நிற்கிறது. ஆங்கிலத்திலும் ‘வில்’, ‘வுட்’ இரண்டுக்கும் பொதுவாக அந்த மறுபாதியே இடம். ‘தெரிந்திருந்தால் வந்திருப்பேன்’ என்பதில் ‘தெரிந்திருந்தால்’ என்பதற்கு ‘ஹேட் நோன்’, ‘வந்திருப்பேன்’ என்பதற்கு ‘வுட் ஹேவ் கம்’ என்று பொருத்திக்கொண்டால் உங்கள் இரண்டாவது பிழையும் விலகிவிடும். நம் மொழியே இவ்வளவு துணை செய்யும்போது, பிள்ளைகளை வெறும் வாய்பாட்டை ஒப்பிக்க வைக்கிறோமே என்ற வருத்தம் எனக்கு எப்போதும் உண்டு.

மறுமொழி 2:
ஐயா சொன்னது மிகவும் பயனுள்ளது. ஆயினும் தமிழ் கைவிடும் ஓர் இடமும் உண்டு. ‘பணம் இருந்தால் வாங்குவேன்’ என்ற ஒரே வாக்கியம், பணம் இருக்கக்கூடும் என்பவருக்கும் கையில் காசே இல்லாதவருக்கும் பொருந்துகிறது. ஆங்கிலத்தில் முன்னவர் ‘இஃப் ஐ ஹேவ் த மணி, ஐ வில் பை இட்’ என்பார். பின்னவர் ‘இஃப் ஐ ஹேட் த மணி, ஐ வுட் பை இட்’ என்பார். ஆகவே வாய் திறக்கும் முன், இது நடக்கக்கூடியதா, வெறும் கற்பனையா, கைநழுவிப் போனதா என்று முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. கோடிட்ட இடத்தை நிரப்பும்போது அந்த முடிவைக் கேள்வித்தாளே எடுத்துத் தந்துவிடுகிறது. உங்களுக்கு அந்தப் பழக்கம் கிடைக்காமல் போனதற்கு அதுவே காரணம் என்று கருதுகிறேன். எனவே நாள்தோறும் உங்கள் வாழ்வில் நடந்த ஒரு சிறு நிகழ்ச்சியை எடுத்துக்கொண்டு, அதையே மூன்று நிலைகளிலும் உரக்கச் சொல்லிப் பழகுங்கள். ‘இஃப் யூ வில் வெயிட் ஹியர்’ என்று பணிவாக வேண்டும்போது ‘வில்’ வருவது வேறு. அங்கே அது விருப்பத்தைக் குறிக்கிறது.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. பேருந்துக்காகக் காத்திருந்ததை வைத்து முயன்றேன். ‘இஃப் ஐ மிஸ் த பஸ், ஐ வில் வாக்.’ ‘இஃப் ஐ ஹேட் அ பைக், ஐ வுட் நாட் வெயிட் ஃபார் த பஸ்.’ ‘இஃப் ஐ ஹேட் லெஃப்ட் ஏர்லியர், ஐ வுட் ஹேவ் காட் த பஸ்.’ பிறகு, பேருந்து வராவிட்டால் நடந்து போவேன் என்பதற்கு ‘அன்லெஸ் த பஸ் டஸ் நாட் கம், ஐ வில் வாக்’ என்று சொன்னேன். இவை சரியா?

மறுமொழி 1:
முதல் மூன்றும் சரி. நான்காவதில் மட்டும் ‘டஸ் நாட்’ கூடாது. ‘வராவிட்டால்’ என்பதில் உள்ள எதிர்மறை ‘அன்லெஸ்’ என்ற சொல்லுக்குள்ளேயே அடங்கியிருப்பதால், ‘அன்லெஸ் த பஸ் கம்ஸ், ஐ வில் வாக்’ என்பதே போதும். நீங்கள் சொன்னபடி விட்டால், பேருந்து வந்தால்தான் நடப்பீர்கள் என்று பொருளாகிவிடும். நாளைக்கு அந்த நேர்காணல் வாக்கியத்தையே மூன்று நிலைகளில் சொல்லி இங்கே எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.